மொட்டை மாடி தந்தவர்களுக்கும் மனு எழுதியவர்களுக்கும்

அல்சூர், மர்பி டவுன், ஆஸ்டின் டவுன் நண்பர்களே,

வணக்கம். பெங்களூரில் நம் பகுதியின் சின்னச் சின்ன அடுக்குமாடிகளில் சோலார் பேனல்கள் ஏறத் தொடங்கிவிட்டன. மின்கட்டணம் பற்றி மக்களிடம் கருத்துக் கேட்கும் விசாரணையிலும் நம் ஆட்கள் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். யாருக்கெல்லாம் நன்றி சொல்ல வேண்டும் என்று யோசித்தால், மைக் பிடித்தவர்கள் கடைசியில்தான் வருகிறார்கள். அந்த வரிசையிலேயே எழுதுகிறேன். பேச்சாளர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முதல் நன்றி, கணக்கு எழுதிய அக்காவுக்கு. 2023-இல் கர்நாடக அரசின் கிருஹ ஜோதி திட்டம் வந்ததிலிருந்து 200 யூனிட்டுக்குள் இருக்கிற பல வீடுகளுக்குக் கரண்ட் இலவசம். "பில்லே வராத வீட்டுக்கு எதுக்குங்க சோலார்?" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எங்களிடம் பதில் இல்லாமல் இருந்தது. அக்கா மட்டும் வீட்டு பில்லை ஒதுக்கிவிட்டு, பொது மீட்டர் பில்லை எடுத்தார். லிஃப்ட், தண்ணி மோட்டார், படிக்கட்டு விளக்கு எல்லாம் அதில்தான் ஓடுகிறது. அதற்கு இலவசம் கிடையாது. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு மாடி சோலாருக்காகத் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் தனி வீட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு என்பது பலருக்குத் தெரியும். குடியிருப்புச் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்கும் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் உண்டு என்பதைத் தேடி எடுத்தவர் அவர்தான். எல்லாவற்றையும் ஒரே தாளில் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினார். பருவநிலை மாற்றம் என்று ஆரம்பித்தால் கொட்டாவி விட்டவர்கள், மெயின்டனன்ஸ் குறையுமா என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதில் தப்பொன்றும் இல்லை. மாதச் செலவு குறைந்தால் புகையும் குறையும் என்றால், செலவைப் பற்றியே பேசுவோமே.

அப்புறம், கோலார் தங்கவயல் தாத்தா. 2001-இல் சுரங்கத்தை மூடும்வரை அங்கே எலக்ட்ரீஷியனாக இருந்தவர். காவேரியின் சிவனசமுத்திர அருவியில் எடுத்த மின்சாரம் 1902-இல் முதலில் போனது தங்கவயலுக்குத்தான். பெங்களூருக்கு வெளிச்சம் வந்தது 1905-இல். இதைச் சொல்லாமல் தாத்தா எந்தக் கூட்டத்தையும் ஆரம்பிக்க விட்டதில்லை. "உங்க ஊரு மண்ணெண்ணெய் விளக்குல இருந்தப்ப எங்க ஊருல காவேரி கரண்ட்டு" என்பார். பெருமை பேசுவார், வேலையும் செய்வார். காலை, நடுப்பகல், மாலை என்று மாடி ஏறி, தண்ணீர்த் தொட்டியின் நிழல் எங்கே விழுகிறது என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தார். வரிசையாக இணைத்த பேனல்களில் ஒன்றின் மேல் நிழல் விழுந்தாலும் மற்றவற்றின் உற்பத்தியும் குறையலாம். விலைப்பட்டியல் கொண்டுவந்த ஒரு கம்பெனிக்காரர், தொட்டிக்குப் பின்னாலேயே இரண்டு பேனலை வரைந்து காட்டினார். தாத்தா அந்தக் கோட்டைக் காட்டினார். வரைபடம் மாறியது.

லைன்மேன் அண்ணாவுக்கும் நன்றி. "கரண்ட் போனா சோலாரும் நின்னுடும்" என்று தெரிந்த அன்று இங்கே பெரிய சண்டை. இவ்வளவு பணம் போட்டு இதுவா என்று கேட்டார்கள். அவர் தேநீர் குடித்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்: கம்பத்தில் ஒருவன் ஏறி வேலை செய்யும்போது உங்கள் மாடியிலிருந்து லைனில் மின்சாரம் வந்தால் அவன் கதி என்ன? அதனால்தான் பேட்டரி இல்லாத அமைப்பில், லைனில் சப்ளை போனதும் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடுகிறது. அதற்கு மேல் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

வடகம் காயப்போடும் பாட்டி தனி அத்தியாயம். கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வேண்டும். எங்கள் கட்டடத்தின் பத்து கிலோவாட்டுக்கு முக்கால் மாடி போய்விடும். பேனலைத் தாங்கும் சட்டத்தை உயர்த்திக் கட்டுகிறோம், துணி அடியில் காயலாம் என்றோம். "துணி காயும், வடகம் காயுமா?" என்றார். வெயில் இல்லாமல் வடகம் எப்படிக் காயும்? கிழக்கு மூலையை அவருக்கே விட்டாயிற்று. மற்ற இடத்தை விட்டுக்கொடுத்தாரே, அது பெரிசு.

எல்லாக் கூட்டத்திலும் எதிர்த்துப் பேசிய ஓய்வுபெற்ற பொறியாளர் சாருக்கும் நன்றி சொல்கிறேன், மனதாரவே. "பாவகடாவில் 2,050 மெகாவாட் சோலார் பூங்கா இருக்கும்போது உங்க பத்து கிலோவாட் என்ன கிழிச்சிடும்?" என்று அவர் கேட்டதால்தான் கல்லூரிப் பிள்ளைகள் கணக்குப் போட்டார்கள். இந்த ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட்டில் நாளொன்றுக்குச் சராசரியாக நாலு யூனிட். நாட்டின் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் கரியமில வாயு. ஆக எங்கள் பத்து கிலோவாட்டால் நாள் ஒன்றுக்கு 28 கிலோ மிச்சம், அதுவும் புதிதாக ஒரு சென்ட் நிலம் எடுக்காமல். சார் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "சரி, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ராய்ச்சூர் அனல்மின் நிலையத்து நிலக்கரிதானே?" என்றார். பேட்டரி விலையைப் பார்த்தால் அதற்கு இன்னும் எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. அவரே குழுவில் சேர்ந்துவிட்டார்.

இனி விசாரணைக்கு வருகிறேன். கட்டணத்தை மாற்றும் முன் மக்களின் ஆட்சேபங்களையும் யோசனைகளையும் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பரிசீலிக்க வேண்டும் என்று 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் சொல்கிறது. நம் தெருக்களில் இது யாருக்குத் தெரியும்? பத்திரிகையில் வந்த அறிவிப்பைக் கத்தரித்துக் கொண்டுவந்து காட்டியவர் கன்னட டீச்சரம்மா. நாங்கள் தமிழில் சொல்லச் சொல்ல, அலுவலகக் கன்னடத்தில் மனுவை எழுதிக் கொடுத்தார். பிரமாணப் பத்திரமும் அவர் மேற்பார்வையில்தான் தயாரானது. சொந்தமாக மாடி இல்லாத வாடகைக்காரர்களும் வேறொரு கூரையில் பங்கு போட்டுத் தங்கள் பில்லில் கழித்துக்கொள்ளும் வழி எளிதாக வேண்டும் என்பதே எங்கள் முக்கியக் கோரிக்கை. டெல்லி ஆணையம் 2019-லேயே இதற்கு நெறிமுறை வகுத்தது. நம் ஆணையத்தின் வசந்தநகர் அலுவலகத்தில் அதைச் சொன்னவர் மர்பி டவுனில் தையல் கடை வைத்திருக்கும் தங்கை. பாதி கன்னடம், பாதி தமிழ். குறித்துக்கொண்டார்கள்.

அடுத்த விசாரணைக்கு டீச்சரம்மா ஊரில் இருக்க மாட்டார். கன்னடத்தில் தட்டச்சு தெரிந்தவர்கள் இரண்டு பேர் தேவை. ஞாயிறு காலை மாடிக்கு வாருங்கள். பேனல் துடைக்கிற நேரம் என்பதால் எல்லோரும் அங்கேதான் இருப்போம்.

இப்படிக்கு,
குழுவின் சார்பில்,
அல்சூர்வாசி ஒருவன்