காலி நாற்காலிகளைப் பற்றிக் கேட்டிருந்தாயே

பிரீமாண்ட், கலிபோர்னியா
16 நவம்பர் 2025

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. அம்மா கைத்தடி இல்லாமல் கொல்லைவரை நடந்துவிட்டு வருகிறார்கள் என்ற வரியைக் கமலாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். ஆறு மாதமாக இங்கே எங்களுக்கும் அதே நினைப்புதான். தையில் முகூர்த்தம் குறித்ததும் தேதியை உடனே சொல். லீவுக்கு இப்போதே சொல்லி வைத்துவிட்டேன், நாங்கள் இரண்டு பேரும் நிச்சயம் வருகிறோம். பெரியவன் வர முடியுமா தெரியவில்லை. சியாட்டிலில் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது.

கடைசிப் பக்கத்தில் ஒன்று கேட்டிருந்தாய். பேப்பரில் ஒரு பேஸ்பால் மைதானத்தின் படம் பார்த்ததாகவும், ஆட்டம் நடக்கும்போதே நாற்காலியெல்லாம் காலியாகக் கிடந்ததாகவும் எழுதியிருந்தாய். "அவர்கள் ஆட்டம் அவர்களுக்கே பிடிக்கவில்லையா?" என்று கேட்டிருந்தாய். அந்தக் கேள்வியை ஒரு வாரமாக மனதில் சுமந்துகொண்டு திரிகிறேன். ஏனென்றால் அப்படி ஒரு மைதானத்துக்கு இருபது வருஷத்துக்கு மேலாகப் போய்வந்தவன் நான். ஓக்லாந்து கொலிசியம். எங்கள் வீட்டிலிருந்து ரயில் ஏறினால் நேராக வாசலில் இறக்கிவிடும். ஸ்டேஷனிலிருந்து ஒரு நடைபாலம், அதைக் கடந்தால் மைதானம்.

முதலில் ஒரு கணக்கு. இங்கே ஓர் அணி ஒரு வருஷத்தில் 162 ஆட்டம் ஆடும். அதில் பாதி, 81 ஆட்டம், சொந்த ஊரில். ஐபிஎல்லில் லீக் சுற்றில் சொந்த மைதானத்தில் ஏழுதான். நம் ஊர்க் கோயிலில் தேரோட்டத்துக்கு வருகிற கூட்டம் வேறு, தினமும் சாயரட்சைக்கு வந்து நிற்கிற நாற்பது பேர் வேறு இல்லையா? பேஸ்பால் அந்த நாற்பது பேரை நம்பி நடக்கிற ஆட்டம். செவ்வாய்க்கிழமை ராத்திரியும் வருவார்கள், புதன்கிழமை மத்தியானமும் வருவார்கள். அந்தப் பழக்கம் அறுந்துவிட்டால் அதை மறுபடி முடிச்சுப் போடுவது ரொம்பக் கஷ்டம்.

ஓக்லாந்தில் அந்தப் பழக்கம் இருந்தது என்பதற்கு நானே சாட்சி. 2002 செப்டம்பர் 4. ஓக்லாந்து அத்லெடிக்ஸ் (இங்கே சுருக்கமாக 'ஏஸ்' என்பார்கள்) அதற்கு முன் தொடர்ந்து 19 ஆட்டம் ஜெயித்திருந்தார்கள். அலுவலக நண்பர்கள் என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். எனக்கு அப்போது விதிகூடச் சரியாகத் தெரியாது. 11-0 என்று முன்னிலையில் இருந்த அணி, எதிரணி 11-11 என்று சமன் செய்யும்வரை விட்டுவிட்டது. கடைசி இன்னிங்ஸில் (இங்கே ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்) ஸ்காட் ஹாட்டெபர்க் மாற்று ஆட்டக்காரராக இறங்கி ஒரு ஹோம் ரன், நம் சிக்ஸர் மாதிரி, அடித்தார். 12-11. அன்றைக்கு 55,528 பேர். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத கிழவர் ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். அன்றிலிருந்துதான் நான் இந்த ஆட்டத்தின் ஆள்.

அதே மைதானத்தில் 2023 மே 15 அன்று வந்தவர்கள் 2,064 பேர். அதுவும் விற்ற டிக்கெட்டின் கணக்கு. இங்கே அறிவிக்கிற எண் எப்போதும் அப்படித்தான், உட்கார்ந்திருந்த தலைகள் அதைவிடக் குறைவாக இருக்கும்.

இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதுதான் உன் கேள்விக்குப் பதில். ஆனால் அதற்கு இன்னும் பின்னால் போக வேண்டும். இந்தக் கதை ஏற்கெனவே ஒரு தடவை நடந்து, தலைகீழாகத் திரும்பியும் இருக்கிறது.

1972, 73, 74 மூன்று வருஷமும் ஏஸ்தான் சாம்பியன். உரிமையாளர் சார்லி ஃபின்லி. பெரிய ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக அவர் கையைவிட்டுப் போனார்கள். 1978 சீசன் ஆரம்பத்தில் இந்த அணியின் ஆட்டங்களை ஒலிபரப்பியது பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் நடத்திய 10 வாட் வானொலி. யோசித்துப் பார், நாலு வருஷம் முன்னால் உலக சாம்பியன்! 1979ல் 108 ஆட்டம் தோற்றார்கள். ஏப்ரல் 17 அன்று ஓர் ஆட்டத்துக்கு வந்தவர்கள் 653 பேர். அந்த வருஷம் முழுவதும் சேர்த்து 3,06,763. ஓக்லாந்து பேஸ்பாலுக்கு லாயக்கில்லாத ஊர் என்று அப்போதும் பேசினார்கள்.

1980ல் ஃபின்லி அணியை ஹாஸ் குடும்பத்துக்கு விற்றார். லீவைஸ் ஜீன்ஸ் குடும்பம். அவர்கள் நல்ல ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டார்கள், சம்பளம் கொடுத்தார்கள், ஊர்க்காரர்களோடு பழகினார்கள். ஓக்லாந்திலேயே வளர்ந்த ரிக்கி ஹெண்டர்சன் மைதானத்தில் ஓடினார். அதே ஊர்ப்பிள்ளையான டேவ் ஸ்டூவர்ட் பந்து வீசினார். 1982ல் வருஷக் கூட்டம் 17 லட்சத்தைத் தாண்டியது. 1990ல் 29 லட்சம். அதே ஊர், அதே மைதானம், அதே ரயில். பதினோரு வருஷத்தில் ஒன்பது மடங்குக்கு மேல். இதை வைத்துக்கொண்டுதான் நான் யாரோடும் வாதாடுவேன்.

நியாயமாகவும் பேச வேண்டும். மூன்று முறை தொடர்ந்து கோப்பை வாங்கிய 1974லேயே வந்தவர்கள் 8,45,693 பேர்தான். வெற்றி மட்டும் ஆளைக் கூட்டிவராது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. மைதானமும் வயதாகிப்போனது, 1966ல் கட்டியது. 1995ல் ஓக்லாந்துக்குத் திரும்பிவந்த அமெரிக்கக் கால்பந்து அணிக்காக மைதானத்தின் பின்பக்கம் ஒரு பெரிய கான்கிரீட் அடுக்கைக் கட்டினார்கள். அதற்கு முன் அங்கே உட்கார்ந்தால் எதிரே மலை தெரியுமாம். நான் அந்த மலையை மைதானத்துக்குள்ளிருந்து பார்த்ததே இல்லை. 2000ல் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் தண்ணீர் ஓரமாக அழகான மைதானம் ஒன்றைத் திறந்தார்கள். குடும்பத்தோடு ஒரு சாயங்காலம் எங்கே போகலாம் என்று யோசிப்பவர்கள் அந்தப் பக்கம் போனதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் இதெல்லாம் ஆட்களைக் குறைக்கும், இரண்டாயிரம் பேரில் கொண்டுபோய் நிறுத்தாது. 2005ல் அணி புது உரிமையாளர்களிடம் போனது. அவர்களில் ஒருவரான ஜான் ஃபிஷரின் குடும்பம்தான் கேப் துணிக்கடைகளை ஆரம்பித்தது. முன்னதும் துணிக்காரர்கள், பின்னதும் துணிக்காரர்கள்! 2006ல் மேல் அடுக்கு முழுவதையும் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். கூட்டம் நெருக்கமாகத் தெரிய வேண்டும் என்பது யோசனை. எனக்கு அது சாவு வீட்டில் கண்ணாடியைத் துணி போட்டு மூடியதுபோல்தான் பட்டது. அதே வருஷம், அணி எங்கள் பிரீமாண்டுக்கே வரப்போகிறது என்று அறிவித்தார்கள். எங்கள் தெருவில் பாதிப்பேர் சந்தோஷப்பட்டோம், பாதிப்பேர் போக்குவரத்து நெரிசலை நினைத்துப் பயந்தார்கள். 2009ல் அதைக் கைவிட்டார்கள். அப்புறம் சான் ஹோசே என்றார்கள். அந்தப் பகுதி தங்களுடையது என்று ஜயண்ட்ஸ் மறித்தார்கள், வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 2015ல் முடிந்துபோனது. பிறகு ஓக்லாந்து துறைமுகத்துப் பக்கம் என்றார்கள். கடைசியில் 2023 ஏப்ரலில் லாஸ் வேகஸ்.

பதினேழு வருஷம், செல்வம். ஒரு வீட்டில் குடியிருப்பவர் பதினேழு வருஷமாக "காலி பண்ணப்போகிறேன், காலி பண்ணப்போகிறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் எப்படிப் பழகுவார்? குழந்தையை அந்த வீட்டுக்கு விளையாட அனுப்பத் தயங்குவார், மனது ஒட்டிவிடுமோ என்று. ரசிகனும் அப்படித்தான். அதோடு மாட் ஓல்சன், மாட் சாப்மன் என்று நல்ல ஆட்டக்காரர்களை 2022 சீசனுக்கு முன்னால் வரிசையாக வேறு அணிகளுக்குக் கொடுத்தார்கள். அதே வருஷம் பல சீசன் டிக்கெட்டுகளின் விலையும் ஏறியது. வந்தவர்கள் 7,87,902 பேர், லீக்கிலேயே கடைசி. அதன்பிறகு "பாருங்கள், ஆள் வரவில்லை, அதனால் போகிறோம்" என்பதே பேச்சாகிவிட்டது. எது காரணம், எது விளைவு என்பதை மாற்றிச் சொல்வதுதான் எனக்கு இன்றும் பொறுக்கவில்லை.

ஆள் வராவிட்டால் உரிமையாளருக்குத்தானே நஷ்டம் என்று நீ கேட்பாய். நஷ்டம்தான், ஆனால் அணியே மூழ்குகிற அளவுக்கு இல்லை. தேசிய அளவிலான தொலைக்காட்சிப் பணம் எல்லா அணிக்கும் பங்கு. உள்ளூர் வருமானத்திலும் ஒவ்வோர் அணியும் 48 சதவீதத்தைப் பொதுவில் போட்டு, அதைச் சமமாகப் பிரிக்கிறார்கள். எத்தனை தோற்றாலும் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளும் வழக்கம் இங்கே இல்லை. காலி நாற்காலி அணியைக் கொல்லாது, ஊரை மட்டும்தான் பழி வாங்கும்.

2023 ஜூன் 13, செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு ரசிகர்களே ஒன்று கூடி, எல்லோரும் வாருங்கள் என்று அழைத்தார்கள். வராமல் எதிர்ப்பதற்குப் பதில் வந்து எதிர்ப்பது. 'விற்றுவிடு' என்று எழுதிய பச்சைச் சட்டையை வாசலில் கொடுத்தார்கள். நானும் பெரியவனும் போயிருந்தோம். 27,759 பேர். ஐந்தாவது இன்னிங்ஸ் தொடங்கியபோது முதல் பேட்டர் ஆடி முடிக்கும்வரை மைதானமே வாய் மூடி நின்றது, மயான அமைதி. பிறகு ஒரே குரலாகக் கிளம்பியது பார், "அணியை விற்றுவிடு!" என்று. என் பையன் தொண்டை கட்டிப்போய் மூன்று நாள் பேசவில்லை. ஏஸ் அன்று 2-1 என்று ஜெயித்தார்கள். அதே ராத்திரி நெவாடா செனட் லாஸ் வேகஸ் மைதானத்துக்குப் பொதுப்பணம் கொடுக்கும் மசோதாவுக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டது. 38 கோடி டாலர்.

அன்றைய எதிரணி யார் தெரியுமா? டாம்பா பே ரேஸ். இவர்களுக்கும் ஆள் வராது, ஆனால் காரணம் வேறு. அந்த நேரத்தில் லீக்கிலேயே அதிகம் ஜெயித்திருந்த அணி அது. அந்த வருஷம் 99 ஆட்டம் ஜெயித்துப் பிளே ஆஃபுக்குப் போனார்கள். முதல் ஆட்டத்துக்கு வந்தவர்கள் 19,704. கொரோனா வருஷத்தை விட்டுவிட்டால் 1919க்குப் பிறகு பிளே ஆஃபில் இவ்வளவு குறைந்த கூட்டம் வந்ததில்லை. அவர்களுடைய மைதானம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், மக்கள் பெரும்பாலும் இருப்பது விரிகுடாவின் மற்ற பக்கங்களில். வேலை முடிந்து, நெரிசலில் நீளமான பாலம் தாண்டி, மூடிய கூரைக்குக் கீழே போய் உட்கார வேண்டும். அதுவும் வாரநாள் ராத்திரி. போதாக்குறைக்கு புளோரிடாவில் நியூயார்க்கிலிருந்தும் பாஸ்டனிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் ஏராளம். பிறந்த ஊர் அணியின் மேல் வைத்த பாசத்தை அவர்கள் பெட்டி படுக்கையோடு கொண்டுவந்துவிட்டார்கள். அணியே 1998ல்தான் ஆட ஆரம்பித்தது. அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்த அணி என்று சொல்லிக்கொள்ள அங்கே இப்போதுதான் ஒரு தலைமுறை வந்திருக்கிறது. அதற்குள் 2024 அக்டோபரில் மில்டன் புயல் கூரையையே கிழித்துவிட்டது. அவர்கள்மேல் எனக்குக் கோபமே வராது, பாவமாகத்தான் இருக்கிறது.

இன்னொன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த அத்லெடிக்ஸ் 1968ல்தான் ஓக்லாந்துக்கு வந்தது. அதற்கு முன் கன்சாஸ் சிட்டி, அதற்கும் முன் பிலடெல்பியா. அங்கே 1914ல் லீக்கில் முதலிடம் வந்த அணியைப் பணக் கணக்குப் பார்த்துக் கலைத்தார்கள். அடுத்த வருஷமே கடைசி இடம். 1916ல் 36 ஜெயித்து 117 தோற்றார்கள், ரசிகர்களும் விலகினார்கள். நூறு வருஷத்துக்கு முன்பே இதே அணி இதே பாடத்தைப் படித்திருக்கிறது. இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

கடைசி ஆட்டம் 2024 செப்டம்பர் 26, வியாழக்கிழமை மத்தியானம். 46,889 பேர். ஆள் வராத ஊர் என்றார்களே, அந்த ஊர். 3-2 என்று ஜெயித்தார்கள். ஆட்டம் முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. வலதுபக்கத் திறந்தவெளி வரிசையில் வருஷக்கணக்காக மேளம் அடிக்கிறவர்கள் நிறுத்தாமல் அடித்துக்கொண்டே இருந்தார்கள். சிலர் மைதானத்து மண்ணைப் பையில் அள்ளிக்கொண்டு போனார்கள். அணி இப்போது சாக்ரமெண்டோ பக்கத்தில், சிறிய அணிகளுக்கான மைதானத்தில், பெயருக்கு முன்னால் ஊர் பெயரே இல்லாமல் ஆடுகிறது. நான் அங்கே போகவில்லை. மனது வரவில்லை.

ஆனால் நல்ல செய்தியும் இருக்கிறது. மேற்கு ஓக்லாந்தில் ரைமண்டி பூங்காவில், ஓக்லாந்து பாலர்ஸ் என்று சின்ன லீக் அணி ஒன்று 2024ல் ஆரம்பித்தது. பலகை வரிசைகள், பக்கத்தில் பாக்டரிகள், நாலாயிரம் பேர் உட்காரலாம். பழைய மேளக்காரர்கள் அங்கே வந்துவிட்டார்கள். இந்த செப்டம்பரில் அவர்கள் பயனியர் லீக் சாம்பியன். 1989க்குப் பிறகு ஓக்லாந்துக்குக் கிடைத்த முதல் பேஸ்பால் பட்டம் இது. நான் இந்த வருஷம் பதினொரு ஆட்டம் பார்த்தேன்.

கல்யாணம் முடிந்ததும் நீயும் சம்பந்திகளிடம் சொல்லிவிட்டு ஒரு மாதம் இங்கே வந்துவிடு. மே கடைசி என்றால் சரியாக இருக்கும். சாயங்காலம் குளிர் அடிக்கும், ஸ்வெட்டர் எடுத்துவா. மேளக்காரர்களுக்குப் பின்வரிசையில் உட்காரலாம். அம்மாவுக்கு என் நமஸ்காரத்தைச் சொல். கமலா உன் மகளுக்குப் புடவைக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்கிறாள், மறக்காமல் எழுது.

உன்,
ரவி