மஞ்சள் தொப்பி பின்னியவருக்கு

முகம் தெரியாத உங்களுக்கு என் முதல் வணக்கம்.

2024 செப்டம்பர் 13, வெள்ளிக்கிழமை விடியற்காலை, கனடாவின் ஸ்கார்பரோவில் உள்ள ஒரு மருத்துவமனையில் என் பேரன் பிறந்தான். அக்டோபர் கடைசி வாரம் என்று நாள் குறித்திருந்தார்கள். அவன் 34-வது வாரத்திலேயே வந்துவிட்டான். மகளுக்குப் பிரசவம் பார்க்க நாகர்கோவிலிலிருந்து நான் வந்திறங்கி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. கொண்டுவந்த பிரசவ லேகியத்தையும் உரைமருந்தையும் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கக்கூட இல்லை.

அன்று மத்தியானம் கண்ணாடிப் பெட்டிக்குள் அவனைக் காட்டினார்கள். மூக்கில் குழாய், காலில் ஒரு ஒயர். அவன் முகத்துக்கு முன்னால் என் கண்ணில் பட்டது தலையில் இருந்த தொப்பி. எலுமிச்சை மஞ்சள் நிறம். உச்சியில் பச்சை நூலில் காம்பு மாதிரி ஒரு சின்ன முனை. என் உள்ளங்கையை மூடினால் உள்ளே அடங்கிவிடும், அவ்வளவுதான் அதன் அளவு. அந்த அறையில் இருந்த எல்லாம் எனக்குப் பயத்தைத் தந்தன. அந்தத் தொப்பி மட்டும்தான் எனக்குத் தெரிந்த ஒன்றாக இருந்தது.

யார் கொடுத்தது என்று மகளை விட்டுக் கேட்கச் சொன்னேன். வெளியே யாரோ பின்னித் தருகிறார்கள், பெட்டி பெட்டியாக வரும், பெயர் எழுதியிருக்காது என்றார் செவிலியர். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்குத் தோலுக்கு அடியில் கொழுப்பு சேர்ந்திருக்காது, உடம்போடு பார்த்தால் தலை பெரிது, அதனால் தலை வழியாகவே சூடு போய்விடும் என்றும் அவரே நிதானமாகச் சொல்லித் தந்தார். சூட்டைக் காப்பாற்றவே தெம்பெல்லாம் செலவழிந்தால் பிள்ளைக்கு எடை ஏறாதாம். ஆக, அந்தத் தொப்பியும் மருந்துதான். பிலிப்பைன்ஸ்காரரான அந்தச் செவிலியருக்கும் என் நன்றி. ஒவ்வொரு தடவையும் மகள் மொழிபெயர்த்து முடிக்கும்வரை அவர் காத்து நின்றார்.

மூன்று வாரம் கழித்துப் பிள்ளை வீட்டுக்கு வந்தபோது தொப்பியையும் கூடவே தந்து அனுப்பினார்கள். இரவு எல்லோரும் தூங்கிய பிறகு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். கீழ்க்கரை முடிந்து நாலாவது சுற்றில், வழவழவென்று போகிற வரிசையில், ஒரே ஒரு கண்ணி குறுக்கே படுத்திருந்தது. வழவழப்பாக விழும் நிட் கண்ணி போட வேண்டிய இடத்தில், குறுக்கே மேடாக விழும் ஒரு பர்ல் கண்ணி. இயந்திரத்தில் பின்னியது அப்படி இருக்காது. அந்த நேரத்தில் யாராவது உங்களைக் கூப்பிட்டிருப்பார்கள், அல்லது அடுப்பில் பால் பொங்கியிருக்கும். நீங்கள் ஒரு கணம் தலையைத் திருப்பியிருக்கிறீர்கள். அந்தக் கண்ணியைத் தடவிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இந்த மடல் அந்த ஒரு கண்ணிக்காகத்தான் எழுதுகிறேன்.

எனக்கு நூல் வேலை புதிதில்லை. 1974-ல் எட்டாம் வகுப்புத் தையல் டீச்சர் என் கையில் நுனியில் கொக்கி உள்ள குரோஷா ஊசியைக் கொடுத்தார். வாயில் எண்ணக் கூடாது, விரலில் எண்ணு என்பார். அவர் இப்போது இல்லை. எங்கள் ஊர்ப்பக்கம் பெண்களுக்கு நூலோடு உள்ள உறவு பழையது. 1820களில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் லேஸ் பின்னச் சொல்லிக்கொடுத்தார். லேஸ் பின்னிச் சேர்த்த காசைக் கட்டி அடிமைத்தளையிலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு. அது குரோஷா இல்லை, திண்டில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போடும் வேலை. ஆனாலும் ஆங்கர் நூல்கண்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்தப் பெண்களை நினைத்துக்கொள்வேன். நான் பின்னியதெல்லாம் டிவி மேல் போடுகிற விரிப்பு, பூஜைத் தட்டுக்கு மூடி, மகளின் பாவாடைக்குக் கரை. எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் உல்லன் நூலுக்கு வேலையே இல்லை. இரண்டு ஊசி வைத்துப் பின்ன நான் கற்றுக்கொண்டதும் இல்லை.

பிள்ளை மருத்துவமனையில் இருந்த நாட்களில் மகளும் மருமகனும் காலையிலேயே கிளம்பிவிடுவார்கள். ஒரு தடவைக்கு இன்னின்னார்தான் உள்ளே வரலாம் என்று கட்டுப்பாடு. நான் வீட்டில் தனியாகச் சன்னலோரம் உட்கார்ந்திருப்பேன். கீழ்வீட்டில் இருக்கும் யாழ்ப்பாணத்துத் தங்கச்சி ஒருநாள் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டுவந்தவர், என் மடியில் கிடந்த குரோஷா ஊசியைப் பார்த்துவிட்டார். "அக்கா, செவ்வாய்க்கிழமையில லைப்ரரியில பின்னுற ஆக்கள் கூடுறவை. நான் கூட்டிக்கொண்டு போறன், வாங்கோ" என்றார். அவருக்குப் பின்னத் தெரியாது. எனக்காக அன்று வேலைக்குப் போகும் நேரத்தைத் தள்ளிவைத்துக்கொண்டு கூடவே நடந்து வந்தார், ஒரு மணி நேரம் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். அந்தச் சோற்றையும் நான் மறக்கவில்லை தங்கச்சி, அந்த ஒரு மணி நேரத்தையும் மறக்கவில்லை.

அது செப்டம்பர் 24. நூலகச் சன்னலுக்கு வெளியே நிற்கும் மேப்பிள் மரத்தில் ஒரே ஒரு கிளை மட்டும் சிவந்திருந்தது. உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பாதிக்கு மேல் என்னைவிட மூத்தவர்கள். ஊர் எது, எதற்கு வந்தாய் என்று யாரும் துருவவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்கள், நூல் பெட்டியை என் பக்கம் நகர்த்தினார்கள். அந்தப் பெட்டி முழுக்க யார் யாரோ கொடுத்த மிச்ச நூல். பாதி உருண்டை, கால் உருண்டை, லேபிள் இல்லாதது. கொடுத்தவர்கள் எல்லோருக்கும் நன்றி. இங்கே வந்த இந்த மூன்று மாதத்தில் நான் காசு கொடுத்து வாங்கியது இரண்டே உருண்டை பெர்னாட் நூல்தான்.

பேரனுக்குப் போர்வை ஒன்று குரோஷாவில் தொடங்கியிருந்தேன். மகள் அச்செடுத்துத் தந்த குறிப்பில் டபுள் குரோஷா 20 வரிசை என்றிருந்தது. எண்ணி எண்ணித்தான் போட்டேன். 20 வரிசை முடிந்த பிறகும் குறிப்பில் சொன்ன உயரத்தில் பாதிகூட வரவில்லை. நூல் சரி, ஊசி சரி, எண்ணிக்கையும் சரி. அந்த வாரம் பிள்ளையின் எடையும் கூடாமல் இருந்தது. இரண்டையும் சேர்த்து நினைத்து அழுகை வந்துவிட்டது, யாரிடமும் சொல்லவில்லை.

ஸ்காட்லாந்தில் பிறந்த, எண்பதைத் தாண்டிய ஒரு பெரியம்மா அந்தப் போர்வையை வாங்கி முகத்துக்கு அருகில் கொண்டுபோனார். ஊசி நுனியால் ஒரு கண்ணியைத் தொட்டுக் காட்டி, நீ எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டார். இந்தியாவில் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. நீ என் ஊர்க்காரி மாதிரிப் பின்னுகிறாய் என்றார். விஷயம் இதுதான்: பிரிட்டிஷ் வழக்கத்தில் டபுள் என்று நாங்கள் படித்த குட்டைக் கண்ணிக்கு அமெரிக்காவிலும் கனடாவிலும் சிங்கிள் என்று பெயர். இங்கே டபுள் என்பது நாங்கள் ட்ரெபிள் என்று படித்த நெட்டைக் கண்ணி. 50 வருடத்துக்கு முன் டீச்சர் தந்த சொல்லை நம்பி நான் குட்டையாகவே போட்டுக்கொண்டு போயிருக்கிறேன். பெரியம்மா ஒரு அட்டையை எடுத்து நடுவில் கோடு கிழித்தார். இந்தப் பக்கம் இங்கத்திய பெயர், அந்தப் பக்கம் அங்கத்திய பெயர், நடுங்குகிற கையால் பெரிய எழுத்தில் எழுதித் தந்தார். அந்த அட்டை இன்றும் என் பையில் இருக்கிறது. பெரியம்மா, எங்கள் டீச்சர் சொல்லித்தந்தது தப்பு என்று நீங்கள் சொல்லவில்லை. அதற்குத்தான் என் நன்றி.

இரண்டு ஊசிப் பின்னல் கற்றுத் தந்தவர் போலந்தில் பிறந்த ஒரு அக்கா. அவரோடு எனக்குப் பொதுவான மொழி என்று பார்த்தால் இருபது இங்கிலீஷ் வார்த்தை தேறும். நூலை வலது கையில் பிடித்து ஊசிக்கு மேல் வீசிப் போடுவது ஒரு முறை, பெரியம்மாவின் முறை அதுதான். எனக்கு அது கைக்கு வரவே இல்லை. போலந்து அக்கா என் இடது ஆள்காட்டி விரலைப் பிடித்துத் தூக்கினார். குரோஷா நூல் ஓடி ஓடி அதில் ஒரு தடம் விழுந்திருக்கிறது. அந்தத் தடத்தைத் தன் விரலால் தடவினார், பிறகு தன் விரலை எனக்குக் காட்டினார். அவருக்கும் அதே இடத்தில் அதே தடம். நூலை இடது கையிலேயே விட்டுவிட்டு ஊசியால் கொத்தி எடுக்கும் முறையை அன்றே பிடித்துக்கொண்டேன்.

அவரிடம்தான் தொப்பியும் கற்றேன். இரண்டு முனையும் கூரான ஊசி ஐந்து. நாலு ஊசியில் பதினாறு பதினாறாக 64 கண்ணி, ஐந்தாவது ஊசி சும்மா நிற்கும், அதுதான் வேலை செய்யும். இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று கரை. பிறகு நிட் மட்டும், பத்து சென்டிமீட்டர். உச்சிக்கு வரும்போது முதலில் ஒவ்வொரு எட்டாவது கண்ணியையும் பக்கத்துக் கண்ணியோடு சேர்த்துக்கொள்ள வேண்டும், அடுத்த தடவை ஒவ்வொரு ஏழாவதையும், பிறகு ஆறாவதையும், இப்படியே குறைத்துக்கொண்டு போக வேண்டும், நடுவில் ஒரு சுற்றுச் சும்மா. 64, 56, 48, 40, 32, 24, 16, 8. பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் நான் பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்த எட்டாம் வாய்ப்பாடு, பின்னாலிருந்து. கடைசி எட்டுக் கண்ணிக்குள் நூலைக் கோத்து இழுத்தால் உச்சி பூ மாதிரி சுருங்கி மூடிக்கொள்ளும். முதல் தொப்பியில் அதைச் செய்தபோது மேசையைச் சுற்றி இருந்த எல்லோரும் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார்கள்.

எங்கள் ஊரில் ஐப்பசி கார்த்திகை என்றால் அடைமழை. இங்கே அந்த இரண்டு மாதமும் இலையாகப் பெய்கிறது. அக்டோபர் நடுவில், இவர்களுடைய நன்றித் திருநாள் திங்கட்கிழமை வந்த வாரத்தில், நூலகத்துக்குப் போகும் வழியெல்லாம் சிவப்பும் ஆரஞ்சும் மஞ்சளும். நான் ஒரு இலையைப் பொறுக்கிக்கொண்டு போய் நூல் பெட்டியில் வைத்து நிறம் பார்ப்பேன். துருச் சிவப்பு கிடைத்தது, கடுகு மஞ்சளும் கிடைத்தது. இலை கிளையிலிருந்து விடும் நிமிஷத்தில் இருக்கும் அந்த ஆரஞ்சு மட்டும் எந்த உருண்டையிலும் கிடைக்கவில்லை. பிள்ளை மடியில் தூங்க, வெளியே இலை விழ, விரலில் நூல் ஓட உட்கார்ந்திருந்த அந்த மத்தியானங்களைப் போல நிம்மதியான பொழுது எனக்கு வெகுகாலமாக வாய்த்ததில்லை. நவம்பர் 3-ம் தேதி கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்தார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டு. வழக்கத்தைவிட ஒரு விளக்குக் கூடுதலாக என் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார் மருமகன். கேட்காமல் வைத்த விளக்கு அது.

தீபாவளியும் ஹாலோவீனும் இந்த வருடம் ஒரே நாளில் வந்தன. கதவைத் தட்டிய குழந்தைகளுக்கு மிட்டாயோடு முறுக்கும் கொடுத்தோம். பேரனுக்கு ஏழு வாரம் நிரம்புவதற்கு முந்தின நாள் அது. மஞ்சள் தொப்பியை அன்றும் போட்டுப் பார்த்தோம். காதுக்கு மேலேயே நின்றுவிட்டது, அவ்வளவு வளர்ந்துவிட்டான்.

இன்னும் சிலரைச் சொல்லாமல் முடிக்க முடியாது. பஸ்ஸில் நான் மறந்துவிட்டு இறங்கிய பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஓடிவந்த பையன்: அந்தப் பையில் மூன்று தொப்பி இருந்தது தம்பி. செவ்வாய்க்கிழமை தோறும் எங்கள் மேசையை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்த நூலகப் பெண். ராத்திரி ஒரு மணிக்குப் பால் கொடுத்துக்கொண்டே "அம்மா, நாலாவது வரியில என்ன போட்டிருக்குன்னு வாசிக்கட்டுமா" என்று குறிப்பை எனக்கு வாசித்துச் சொன்ன என் மகள். மக்களே, தூக்கம் இல்லாத அந்த நாட்களிலும் என் ஊசியை நீ நினைத்துக்கொண்டாய்.

நவம்பர் 17 குறைமாதக் குழந்தைகளுக்காக உலகெங்கும் நினைக்கப்படும் நாள். ஊதாதான் அதன் நிறம். அதற்கு முந்தின செவ்வாயன்று மேசை முழுக்க ஊதாத் தொப்பிகளாக இருந்தது. எண்ணிக் கட்டினோம், 86. அதில் 11 என் கையால் பின்னியவை. மெத்தென்ற, துவைக்கிற மெஷினில் போடக்கூடிய நூல், பொத்தான் கூடாது, கம்பளி முடி உதிரக் கூடாது என்பது மருத்துவமனையின் விதி. வாசனை இல்லாத சோப்பில் துவைத்துக் காயவைத்துப் பையில் போட்டோம். என்னுடையவற்றில் ஒன்றில், கரைக்கு மேலே நாலாவது சுற்றில், ஒரே ஒரு கண்ணியைத் தெரிந்தே பர்ல் போட்டேன்.

மஞ்சள் தொப்பி பின்னியவரே, அந்த மேசையில் இருந்தவர்களிடம் எல்லாம் உங்களைப் பற்றி விசாரித்தேன். யாரும் தான் என்று சொல்லவில்லை, தெரியும் என்றும் சொல்லவில்லை. இப்போது மரத்தில் இலை இல்லை, முதல் பனி விழுந்துவிட்டது. பிப்ரவரி கடைசிவரை நான் இங்கேதான் இருப்பேன். செவ்வாய்க்கிழமை இரண்டு மணி, சன்னல் பக்கம், கதவிலிருந்து மூன்றாவது நாற்காலி. தொப்பியைத் துவைத்து வைத்திருக்கிறேன், பேரனையும் கூட்டிவருவேன்.

அன்புடன்,
நாகர்கோவில் பாட்டி
ஸ்கார்பரோ, நவம்பர் 30, 2024