கயிற்றைக் கையில் சுற்ற வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த விநோத விளையாட்டுகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் சேன் நதியில் கம்பம் ஏறி, படகுகளுக்கு மேலும் அடியிலும் புகுந்து நீந்திய பந்தயம், 1904 செயின்ட் லூயிஸில் தண்ணீரில் பாய்ந்து கைகால் அசைக்காமல் எவ்வளவு தூரம் போகிறார்கள் என்று அளந்த பந்தயம், இரண்டும் எனக்குப் புதிய செய்திகள். ஆனால் கயிறு இழுக்கும் போட்டியையும் அந்த வரிசையில் சேர்த்து, "இதுகூட ஒலிம்பிக்கில் இருந்ததாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். இருபத்தாறு வருடம் பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்தவள் நான். அந்த ஒரு வரி எனக்கு மிகவும் வருத்தமாகிவிட்டது.

1900 முதல் 1920 வரை ஐந்து ஒலிம்பிக்கில் கயிறு இழுத்தார்கள். 1908 லண்டனில் தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றும் பிரிட்டிஷ் போலீஸ் அணிகளுக்கே போயின. லிவர்பூல் போலீசாரிடம் தோற்ற அமெரிக்க அணி, அவர்களுடைய கனத்த பூட்ஸைக் காட்டிப் புகார் செய்துவிட்டுப் போட்டியிலிருந்தே விலகியது. அது வீண் புகார் என்று நான் சொல்ல மாட்டேன். கயிறு இழுப்பதில் பாதி வேலை குதிகாலுடையது. மண்ணில் குதிகால் பதிய வேண்டும், உடம்பு பின்னால் சாய வேண்டும், எட்டுப் பேரும் ஒரே மூச்சில் காலால் தள்ள வேண்டும். கை கயிற்றைப் பிடித்திருப்பதற்கு மட்டும்தான். இதைப் புரிந்துகொண்ட என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள், ஒல்லிக்குச்சிகள் எட்டுப் பேர், ஒரு விளையாட்டு விழாவில் பன்னிரண்டாம் வகுப்பு அணியை வெறுங்காலோடு இழுத்துப் போட்டார்கள். கடைசியில் நின்றவள் எண்ணிக்கை சொல்ல, மற்றவர்கள் அதற்கு இழுத்தார்கள். அவ்வளவுதான் ரகசியம்.

இப்போதும் இந்த விளையாட்டுக்கு 1960இல் தொடங்கிய சர்வதேச சம்மேளனம் இருக்கிறது. 1981 முதல் உலக விளையாட்டுப் போட்டிகளிலும் இடம் உண்டு. அணிக்கு எட்டுப் பேர், மொத்த எடைக்குத் தனிப் பிரிவு, கயிற்றின் நடுக்குறி நான்கு மீட்டர் நகர்ந்தால் வெற்றி. உட்கார்ந்து இழுப்பது தவறு, கயிற்றில் முடிச்சோ வளையமோ போடுவதும் தவறு.

கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வதும் வளையம் போடுவதுதான். இந்தக் கடைசி விதிக்காகத்தான் முக்கியமாக இந்தக் கடிதம். போன பொங்கலுக்கு எங்கள் தெருப் போட்டியில் எங்கிருந்தோ ஒரு பழைய நைலான் கயிறு கொண்டு வந்தார்கள். ஒரு பக்கத்துக்கு இத்தனை பேர் என்ற கணக்கே இல்லை, வேடிக்கை பார்த்தவர்களும் ஓடி வந்து பிடித்தார்கள். கடைசியில் நின்ற பையன் வழுக்குகிறது என்று கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டான். எதிர்ப்பக்கம் வெட்டி இழுத்ததும் அவனால் கையை உருவ முடியவில்லை. எலும்பு முறிந்து ஒன்றரை மாதம் மாவுக்கட்டோடு இருந்தான். நான் மேடைக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். "சுத்தாதேடா தம்பி" என்று நான் கத்தியது அந்த மைக் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

1997இல் தைபேயில் சுமார் 1,600 பேர் சேர்ந்து இழுத்தபோது நைலான் கயிறு அறுந்து இரண்டு பேரின் இடது கைகள் துண்டாயின. நைலான் இழுக்க இழுக்க நீளும், அறுந்தால் அந்த விசை முழுவதும் சாட்டையாகத் திரும்பி வரும்.

அடுத்த பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால் உங்கள் நாளிதழில் ஒரு சின்னக் கட்டம் போட்டு இதை வெளியிட வேண்டுகிறேன்: தடித்த மணிலா நார்க்கயிறு மட்டும் வேண்டும், இழுக்கும் முன் அதை முழு நீளத்துக்கும் தடவிப் பார்க்க வேண்டும். பக்கத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் கூடாது. கையிலோ இடுப்பிலோ யாரும் சுற்றக் கூடாது, சுற்றியிருந்தால் நடுவர் தொடக்க விசில் ஊதக் கூடாது. எங்கள் தெருப் பலகையில் ஒட்ட எனக்கும் ஒரு பிரதி வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
மன்னார்குடி.