பரிசளிப்பு விழா முடிந்த கையோடு

நிபோங் திபால், பினாங்கு, மலேசியா,
நவம்பர் 2025

அன்புள்ள குண்டூசிக்கு,

சனிக்கிழமை நம் பள்ளியில் பரிசளிப்பு விழா நடந்து முடிந்தது. வா வா என்று கூப்பிட்டும் நீ வரவில்லை. கோலாலம்பூர் செந்தூலிலிருந்து கிளம்பி நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டி வருவது லேசான காரியம் இல்லைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வராமல் போனதில் உனக்கு என்னவெல்லாம் தவறிப்போனது என்று ஒன்றுவிடாமல் எழுதப்போகிறேன். வாட்ஸ்அப் புலனத்தில் படம் அனுப்பினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு நீ அடுத்த வேலைக்குப் போய்விடுவாய். அதனால்தான் கடிதம்.

வீட்டுச் செய்தியை முதலில் முடித்துவிடுகிறேன். தீபாவளிக்கு நீ அனுப்பிய முறுக்கு நொறுங்காமல் வந்து சேர்ந்தது. அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. அண்ணன் சிம்பாங் அம்பாட்டில் வீடு வாங்கிவிட்டார். உன் மகளுக்குப் பள்ளியிறுதிச் சோதனையான எஸ்.பி.எம். நடக்கிறது, அவளைக் கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்யாதே, வேளைக்குச் சாப்பாடு போடு, போதும்.

இப்போது விழாவுக்கு வருகிறேன். மண்டபம் இன்னும் வரவில்லை. திடலில் கூடாரம் போட்டு, சிற்றுண்டிச்சாலை நாற்காலிகளையும் கோயில் நாற்காலிகளையும் அடுக்கினோம். எழுபது சொச்சம் பிள்ளைகள்தான் படிக்கிறார்கள், ஆனால் பெற்றோர், தாத்தா பாட்டி, பழைய மாணவர்கள் என்று உட்கார இடமில்லை. மாவட்டக் கல்வி இலாகாவிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். பினாங்கில் தமிழ்ப்பள்ளி விழாவில் பேசுகிற யாரும் 1816ஐத் தொடாமல் இறங்குவதில்லையே, இவரும் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கிய கதையில்தான் ஆரம்பித்தார். முன்வரிசையில் ஒன்றாம் ஆண்டு வாண்டுகள் நெளிய ஆரம்பித்தன. ஆனால் எனக்கு அந்தக் கதை அலுக்கவில்லை. இருநூறு வருஷத்துக்கு மேலாக இந்த மாநிலத்தில் யாரோ ஒருவர் பிள்ளைகளுக்கு ‘அ’ எழுதச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். அந்த வரிசையில் நமக்குப் பாடம் எடுத்த மீசை சார் இருந்தார், இன்றைக்கு நான் நிற்கிறேன். நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

பரிசுகளைச் சொல்கிறேன். திருக்குறள் மனனப் போட்டியில் மாவட்ட அளவில் முதல் இடம், மலாய்மொழிக் கதை சொல்லும் போட்டியில் மூன்றாம் இடம், ஓட்டத்தில் ஒரு பையன் மாநிலத்துக்கே ஓடப்போனான். இதெல்லாம் சந்தோஷம்தான். ஆனால் நான் உனக்குச் சொல்லத் துடிப்பது அறிவியல் போட்டிக்குப் போன பிள்ளையைப் பற்றி.

ஐந்தாம் ஆண்டு மாணவி. வீடு பெரிய கால்வாய்க்குப் பின்னால். 2017 நவம்பரில் பினாங்கையே முக்கியெடுத்ததே ஒரு வெள்ளம், அப்போது இவளுக்கு மூன்று வயது. நடுராத்திரியில் இவளைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்ததை அம்மா சொல்லிச் சொல்லி, அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்திருக்கிறாள். அதனால் கால்வாயில் தண்ணீர் ஏறினால் வீட்டில் மணி அடிக்கிற மாதிரி ஒன்று செய்தாள். பி.வி.சி. குழாய் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி, அதற்குள் பழைய சிலிப்பரிலிருந்து வட்டமாக வெட்டிய ரப்பர் துண்டு. ரப்பரில் குத்திய சாத்தே குச்சி, குச்சியின் தலையில் அலுமினியத் தாள். தண்ணீர் ஏறினால் ரப்பர் மிதந்து மேலே வரும், தாள் போய்க் குழாயின் மூடியில் இருக்கும் இரண்டு திருகாணிகளைத் தொடும், மின்சுற்று முழுமையாகும், வீட்டுக்குள் இருக்கும் மணி அலறும். பாடத்தில் நாங்கள் சொல்லிக்கொடுத்த அதே மின்சுற்றுதான். பத்து வெள்ளிகூடச் செலவாகவில்லை.

மாநிலப் போட்டியில் நான் பக்கத்தில்தான் நின்றேன். நீதிபதி மலாயில் கேட்டார், கால்வாய்க் குப்பை குழாய்க்குள் போய் அடைத்துக்கொண்டால் என்ன செய்வாய் என்று. அவள் குழாயைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினாள். அடியில் கொசுவலைத் துணியை ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருந்தாள். முதலில் கட்டாமல் வைத்துப் பார்த்தேன், இலை போய் மாட்டிக்கொண்டது, அதற்கப்புறம்தான் கட்டினேன் என்றாள். பேட்டரி தீர்ந்துபோனால் எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி. வெள்ளிக்கிழமைதோறும் அம்மா சாமி விளக்கைத் துலக்குவார், அப்போது நான் குழாயில் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பேன், மணி அடிக்காவிட்டால் பேட்டரியை மாற்றுவேன் என்றாள், தயங்காமல், நல்ல மலாயில். அந்த மனிதர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துச் சிரித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டாம் இடம் கிடைத்தது. பத்தாவது இடம் கிடைத்திருந்தாலும் நான் இப்படித்தான் எழுதியிருப்பேன்.

இதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு மனத்தாங்கல். இவள் ஜெயித்த செய்தி வெளியே போன சில நாளிலேயே வெளிநாட்டுப் போட்டிக்கு அழைப்பு வந்தது. பதிவுக் கட்டணம், விமானம், தங்குமிடம் எல்லாம் சேர்த்து ஒரு பிள்ளைக்கு ஆயிரக்கணக்கில், கூடப் போகும் ஆசிரியருக்குத் தனி. அவள் அம்மா ஒரு நாள் வகுப்பு முடிகிற நேரத்துக்கு வந்து, “டீச்சர், சங்கிலிய அடகு வெச்சிடட்டுமா?” என்று கேட்டார். துப்புரவு வேலை செய்கிற அம்மா, குண்டூசி. வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். இந்த மாதிரிப் போட்டிகள் பலவற்றில் புள்ளிக்கணக்கில்தான் பதக்கம். இத்தனை புள்ளிக்கு மேல் வாங்கினால் தங்கம் என்று வரம்பு இருக்கும், ஒரே அரங்கில் எத்தனையோ குழுக்கள் தங்கத்தோடு திரும்பும். அதில் தப்பில்லை. தோட்டத்துப் பிள்ளை விமானம் ஏறி வேறு நாட்டுப் பிள்ளையிடம் தன் கண்டுபிடிப்பை விளக்குவது பெரிய விஷயம், பணம் கொடுக்க ஆள் இருந்தால் நானே கூட்டிப்போவேன். ஆனால் அடகுக்கடைச் சீட்டோடு வரும் தங்கம் எனக்கு வேண்டாம். அவள் மணி அவள் வீட்டில் அடித்தால் போதும்.

தலைமையாசிரியர் நல்லவர், ஆனால் அவர் கவலை வேறு. “டீச்சர், பதாகையில என்ன போடறது?” என்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. 150 பிள்ளைகளுக்குக் கீழே போனால் குறைந்த மாணவர் கொண்ட பள்ளி என்ற பட்டியலில் சேர்ந்துவிடுகிறோம், அந்தப் பட்டியலில் நாம் எத்தனையோ வருஷமாக இருக்கிறோம். பள்ளியைச் சுற்றியிருந்த தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபின் சனமெல்லாம் தாமான்களுக்கு, அதாவது புதுக் குடியிருப்புகளுக்கு, போய்விட்டது. இப்போது ஒன்றாம் ஆண்டுக்குப் பிள்ளை வேண்டும் என்றால் பெற்றோர் கார் எடுத்துக்கொண்டு நம்மைத் தேடி வர வேண்டும். ‘தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு’ என்று தொண்டை வற்றக் கத்துகிறோம், பெற்றோர் நம் வாயைப் பார்ப்பதில்லை, வாசலில் தொங்கும் பதாகையைத்தான் பார்க்கிறார்கள்.

முன்பு இந்தக் குழப்பம் இல்லை. ஆறாம் ஆண்டில் எழுதும் யூ.பி.எஸ்.ஆர். சோதனை முடிவு வந்தால், ஏழு தாளிலும் ஏ வாங்கி 7ஏ எடுத்தவர்கள் படத்தைப் போட்டுவிடுவோம், 2016லிருந்து 8ஏ. தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில்கூட அம்மாக்கள் கேட்பார்கள், உங்கள் பள்ளியில் எத்தனை ஏழு ஏ என்று. 2020இல் தொற்றுக் காலத்தில் சோதனை ரத்தானது, 2021இல் மொத்தமாக எடுத்துவிட்டார்கள். இப்போது வகுப்பறை மதிப்பீடு, தேர்ச்சி நிலை ஒன்றிலிருந்து ஆறு வரை. “உங்க பையன் நாலாம் நிலையில இருக்கான்” என்று நான் சொன்னால் அப்பாக்கள் திருதிருவென்று விழிக்கிறார்கள். பாஸா ஃபெயிலா, அதை மட்டும் சொல்லுங்கள் டீச்சர் என்கிறார்கள்.

யூ.பி.எஸ்.ஆர். போனதில் எனக்கு வருத்தமே இல்லை. அந்தப் பதாகைகளில் இல்லாத முகங்கள்தான் எனக்கு ஞாபகம் வருகின்றன. நம் வகுப்பு முட்டைக்கண்ணியை எடுத்துக்கொள். மலாய்த் தாளில் கோட்டை விட்டு, நாம் எல்லாரும் இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவம் போனபோது அவள் மட்டும் புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் கூடுதலாக உட்கார்ந்தாள். திருவிழாவில் நம்மைப் பார்த்தாலே ஒதுங்கிப் போவாள், நினைவிருக்கிறதா? இன்றைக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் தர மேற்பார்வையாளர், ஒரு ஷிப்ட் முழுக்க அவள் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது. அவளும் நம் பள்ளியின் சாதனைதானே? அதை எந்த வருஷத்துப் பதாகையில் யார் போட்டார்கள்?

தலைமையாசிரியரிடம் இதைத்தான் சொன்னேன். ஆரம்பப்பள்ளி விளைச்சல் ஆறாம் ஆண்டில் தெரியாது சார், எஸ்.பி.எம். எழுதும் ஐந்தாம் படிவத்தில்தான் தெரியும், அந்தப் பிள்ளைகளைக் கூப்பிடுவோம் என்றேன். நல்லவேளை, ஒத்துக்கொண்டார். 2019இல் ஆறாம் ஆண்டு முடித்தவர்கள்தான் யூ.பி.எஸ்.ஆர். எழுதிய கடைசிக் கூட்டம். புகுமுக வகுப்புக்குப் போகாதவர்கள் 2024 எஸ்.பி.எம். எழுதினார்கள், இந்த ஏப்ரலில் முடிவு வந்தது. நம் பள்ளியில் அந்த வகுப்பில் பதினொரு பேர். பதினொரு பேரையும் தேடிப் பிடித்தோம்.

இங்கே உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பதினொரு பேரும் நான்கு இடைநிலைப்பள்ளிகளுக்குப் பிரிந்து போனார்கள். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி ஒரு பள்ளியில் பதினைந்து மாணவர்களின் பெற்றோராவது கேட்டால்தான் தமிழ் வகுப்பு. இங்கே மூன்று பேர், அங்கே நான்கு பேர் என்று சிதறினால் எங்கே போய்ப் பதினைந்து சேர்ப்பது? சனிக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் தமிழ் வகுப்பு நடத்தினோம், ஓய்வுபெற்ற மீசை சார்தான் முதல் ஆளாக வந்து பாயை விரித்தார். ஏழு பேர் எஸ்.பி.எம்.மில் தமிழ் எழுதினார்கள், அதில் மூவர் இலக்கியமும் சேர்த்து எழுதினார்கள். 2009இல் எஸ்.பி.எம்.முக்குப் பத்துப் பாடம்தான் என்று அரசு சொன்னபோது, தமிழும் இலக்கியமும் விடுபட்டுப்போகும் என்று நம்மவர்கள் எப்படிக் கொதித்தார்கள், அப்புறம் பத்தோடு இரண்டு சேர்த்து எழுதலாம் என்று இறங்கி வந்தார்களே, அந்த இரண்டு இடத்தை இந்தப் பிள்ளைகள் வீணாக்கவில்லை.

ஒவ்வொருவராக மேடைக்குக் கூப்பிட்டோம். தமிழ் எடுத்தவர், எடுக்காதவர் என்று பிரிக்கவில்லை. ஒருத்தி ஆறாம் படிவத்தில் இருக்கிறாள், ஒருத்தி மெட்ரிகுலேஷன், இரண்டுமே பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு. ஒரு பையன் வெல்டிங் படிக்கிறான். மூன்றாம் ஆண்டு வரைக்கும் எழுத்துக் கூட்டத் தெரியாமல் குறைநீக்கல் வகுப்பில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவன். அவன் பேரைச் சொன்னதும் பின்வரிசையில் அவன் பாட்டி எழுந்து நின்று கை தட்டினார், கூடாரமே சேர்ந்து தட்டியது. ஒன்றாம் ஆண்டு வாண்டுகளின் பெற்றோர் அவனைத் திரும்பிப் பார்த்ததை நான் பார்த்தேன். தேநீர் நேரத்தில் ஒரு அம்மா என்னிடம் வந்து, “என் பையனும் இன்னும் வாசிக்க மாட்டேங்கிறான் டீச்சர், அந்தத் தம்பிக்கு என்ன செஞ்சீங்க?” என்று கேட்டார். பதக்கத்தைக் காட்டியிருந்தால் அந்த அம்மா என்னிடம் வந்திருக்கவே மாட்டார். பள்ளிக்குப் பிள்ளை சேர்க்க இதைவிடப் பெரிய பதாகை என்ன வேண்டும், நீயே சொல்.

அதனால் இப்போது ஒரு வேலை ஆரம்பித்திருக்கிறேன், அதில் உனக்கும் பங்கு உண்டு. பள்ளியின் பழைய வருகைப் பதிவேடுகளை எடுத்து, வருஷ வாரியாக எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் எழுதி, இன்றைக்கு எங்கே என்ன செய்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். டாக்டர், வழக்கறிஞர் மட்டும் இல்லை, லோரி ஓட்டுகிறவர், கடை வைத்திருப்பவர், வீட்டில் பிள்ளை வளர்ப்பவர் எல்லாரும் வேண்டும். அடுத்த விழாவில் ஒரு வகுப்பை முழுதாக மேடையேற்ற வேண்டும் என்பது என் ஆசை. ஒரு தலையும் குறையக் கூடாது.

நம் வகுப்புப் பட்டியலை இத்துடன் வைத்திருக்கிறேன். கோலாலம்பூர், கிள்ளான் பக்கம் போனவர்கள் பெயருக்கு நேரே கோடு போட்டிருக்கிறேன். அவர்கள் உன் பொறுப்பு. பாட்டுக்காரன் பத்துமலைப் பக்கம் கடை போட்டிருப்பதாகக் கேள்வி, கடைசி வரிசை இரட்டையர் என்ன ஆனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. முட்டைக்கண்ணியிடம் நானே பேசுகிறேன், அவள் மேடையேற மறுப்பாள், பொறுமையாகத்தான் பேச வேண்டும். அடுத்த ஆண்டு பள்ளி மறுபடி ஜனவரியில் திறக்கிறது. அதற்குள் நீ நாலு பேரையாவது பிடித்து எண் வாங்கி அனுப்பு.

அன்புடன்,
வாயாடி

பி.கு.: மீசை சார் உன்னைக் கேட்டார். வாய்ப்பாட்டில் பதினேழு இப்போதாவது வருகிறதா என்று கேட்கச் சொன்னார்.