பீரோவில் பூட்டிய நாவலை மேசைக்குக் கொண்டுவாருங்கள்: எங்கள் வாசகர் வட்டச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

எந்த நாவலைப் பற்றி எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். எந்தக் கூட்டத்தைப் பற்றி என்பதும் தெரியும். 'தவிர்க்க இயலாத காரணங்களால் கலந்துரையாடல் ஒத்திவைக்கப்படுகிறது' என்று அறிவிப்புப் பலகையில் நீங்கள் ஒட்டிய தாள் மூன்று மாதமாக அங்கேயே இருக்கிறது. ஒரு முனை பிய்ந்து ஃபேன் காற்றில் அடித்துக்கொண்டிருக்கிறது. நாவலின் இரண்டு பிரதிகளும் நூலக அலுவலக அறை பீரோவில் இருக்கின்றன. அந்த இரண்டையும் மறுபடி வாசிப்பு மேசைக்குக் கொண்டுவர வேண்டும், பாதியில் நின்ற கூட்டத்தை நடத்தி முடிக்க வேண்டும். இதைக் கேட்கத்தான் இந்த மடல். நேரில் இரண்டு தடவை கேட்டேன், எழுத்தில் ஒரு தடவை கொடுத்தேன். "பார்க்கலாம்மா" என்றீர்கள். அதற்கு மேல் ஒன்றும் நடக்காததால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

வெளியே இருந்து இதைப் படிப்பவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதுரை கீழமாசி வீதியில் தானிய மண்டி வைத்திருந்த ஒரு குடும்பம். தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சித்தொட்டி திறந்து ஊரைக் காப்பாற்றியதாகத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொள்ளும் வீடு. அந்த வீட்டை இடிக்கும்போது பத்தாயத்துக்குப் பின்னால் 1877-ஆம் வருஷத்துக் கணக்கேடு ஒன்று கிடைக்கிறது. நெல், கம்பு, கேழ்வரகு என்று வரிசையாகப் போகிற கணக்கில், நடுவில் ஒரு வரி: பிள்ளை ஒன்று, கம்பு மூன்று படி. அந்தப் பிள்ளை யார், அது என்ன ஆனது என்று அந்த வீட்டுப் பேத்தி தேடுவதுதான் நாவல். முடிவைச் சொல்ல மாட்டேன். ஏன் என்பது கீழே வரும்.

அன்றைக்கு நடந்தது சண்டை என்று இப்போது சொல்கிறீர்கள். நான் முதல் வரிசையில் இருந்தேன். கடைசிப் பத்து நிமிஷம் தவிர, நம் வட்டத்தில் இத்தனை வருஷத்தில் அவ்வளவு நல்ல பேச்சை நான் கேட்டதில்லை. ஓய்வுபெற்ற தமிழாசிரியர், 1877-இல் வாழ்ந்தவர்கள் இன்றைக்குச் சிம்மக்கல்லில் காதில் விழுகிற பேச்சைப் பேசுகிறார்கள், இதை எப்படி நம்புவது என்று கேட்டார். கல்லூரியில் படிக்கிற பெண் ஒருத்தி எழுந்து, அந்தப் பேச்சுதான் தன்னை உள்ளே இழுத்தது, ஆனால் முதல் நூறு பக்கமும் படி, மரக்கால் என்று அளவுக் கணக்காகவே போகிறது, மர்மக்கதை என்று எடுத்தவள் என்ன செய்வாள் என்றாள். குற்றம் செய்தது யார் என்று பாதியிலேயே தெரிந்துவிட்டதாக ஒருவர் சொன்னார். கடைசிப் பக்கம் வரை தெரியவில்லை என்று அவர் பக்கத்திலேயே ஒருவர் சொன்னார். எனக்கும் குறை உண்டு. பஞ்சத்தை அவ்வளவு பொறுமையாக எழுதியவர், முடிச்சை அவிழ்க்கிற இடத்தில் அவசரப்பட்டுவிட்டார். தேடுகிறவளுக்கு வேண்டிய கடிதம் வேண்டிய நேரத்தில் சுவருக்குள்ளிருந்து வந்து விழுவது எனக்கு ஒப்பவில்லை. இதை நான் சொன்னபோது பாதிப் பேர் தலையாட்டினார்கள், பாதிப் பேர் கையை உயர்த்திப் பேச நின்றார்கள். ஒரு நாவலை நாற்பது பேர் நாற்பது விதமாகப் படித்துவிட்டு வந்திருந்தோம். வாசகர் வட்டம் என்று பெயர் வைத்தது இதற்குத்தானே?

வங்கியில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், "அந்தக் காலத்தில் மதுரைக்கு ரயில் ஏது, ஆசிரியர் சரித்திரம் தெரியாமல் எழுதியிருக்கிறார்" என்றார். அப்போது பதில் சொல்ல எனக்கு நேரம் கிடைக்கவில்லை, இங்கே சொல்கிறேன். திருச்சியிலிருந்து மதுரைக்கு 1875-இலேயே ரயில் வந்துவிட்டது. அடுத்த வருஷம் தூத்துக்குடி வரை போனது. அந்த வருஷமே மழை பொய்த்தது, 1878 வரை பஞ்சம் நீடித்தது. தண்டவாளம் இருந்தும், துறைமுகம் இருந்தும், தானிய வியாபாரத்தில் தலையிடுவதில்லை என்று வெள்ளைக்கார அரசு இருந்துவிட்டது. ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தபோதும் இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறியது. நிவாரண வேலைக்குப் போன ஆம்பிளைக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும் என்று, பஞ்ச வேலைகளைப் பார்க்க அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்தார். ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். அதை வாங்கிக்கொண்டு நாள் முழுக்க மண் சுமக்க வேண்டும். பிரிட்டிஷ் பகுதிகளில் மட்டும் ஐம்பது லட்சம் பேருக்கு மேல் செத்ததாக மதிப்பிடுகிறார்கள். நாவலாசிரியர் ரயிலை ஊறுகாய் மாதிரித் தொட்டுக்கொள்ளவில்லை. மண்டி வாசலில் மூட்டை ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதில்தான் மர்மத்தையே வைத்திருக்கிறார். கூட்டம் நடந்து முடிந்திருந்தால் நான் இதைச் சொல்லியிருப்பேன், வங்கிக்காரரும் மறுத்துச் சொல்லியிருப்பார், இரண்டு பேரும் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம்.

சரி, கடைசிப் பத்து நிமிஷத்துக்கு வருகிறேன்.

செல்லூரிலிருந்து வருகிற அக்காவை உங்கள் எல்லோருக்கும் தெரியும். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு வளைந்துவிட்டது. படிப்பு ஐந்தாம் வகுப்பு. மதியம் சாப்பிட்டுவிட்டு, பெண்களுக்கான இலவச பஸ்ஸில் ஏறி யானைக்கல்லில் இறங்கி, அங்கிருந்து நடந்து வருவார். ஜன்னலோரம் உட்கார்ந்து நாளுக்கு ஏழெட்டுப் பக்கம் படிப்பார். கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகு அதற்கு மேல் கண் ஒத்துழைக்காது. கூட்டத்தன்று 212-ஆம் பக்கத்தில் இருந்தார். "முடிவ யாரும் சொல்லிறாதீகத்தா, நான் இன்னும் போகல" என்று என்னிடம் கேட்டுக்கொண்டுதான் உள்ளேயே வந்தார்.

அவ்வளவு நாள் கூட்டத்துக்கு வந்தும் வாய் திறக்காதவர் அன்றைக்குக் கை தூக்கினார். அவர் சொன்னதை என்னால் முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன்.

"எங்க அய்யாவோட தாத்தாவ அந்தப் பஞ்சத்துல மூணு படி கம்புக்குக் குடுத்துட்டாகளாம். அஞ்சு வயசாம் அப்ப. குடுத்தவுக எந்த ஊரு, என்ன பேரு, ஒண்ணும் தெரியாது. சிவராத்திரிக்கு ஊரே குலசாமி கும்பிடப் போகும். எங்க வீட்ல மட்டும் அய்யா திண்ணையில உக்காந்திருப்பாரு. பொண்ணு பாக்க வாரவுக என்ன சாமின்னு கேட்டா மீனாச்சின்னு சொல்லிருவாரு. இந்தப் பொஸ்தகத்துல அந்த வரியப் படிச்சப்ப எனக்குக் கையெல்லாம் நடுங்கிருச்சு."

ஒரு நிமிஷம் அரங்கம் முழுக்க அமைதி. அப்போதுதான் நம் புரவலர்களில் ஒருவர் எழுந்தார். நாவலில் வருவது தன் முன்னோர்கள்தான் என்று அவர் நினைக்கிறார். நாவலில் அப்படி எந்தப் பெயரும் இல்லை. "எங்க வம்சத்தைத் தப்பா எழுதின புத்தகத்துக்குச் சாட்சி சொல்ல ஆள் பிடிச்சுக் கூட்டிட்டு வந்திருக்காங்க" என்றார். மேடையில் இருந்த நீங்கள் என்ன செய்தீர்கள்? அவரை உட்காரச் சொல்லவில்லை. அக்காவைத்தான் சொன்னீர்கள். "அம்மா, சொந்தக் கதையெல்லாம் வெளியே வச்சுக்கங்க, இது நாவல் பேசுற இடம்." மைக்கில் சொன்னீர்கள். அவர் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு யார் யார் கத்தினார்கள் என்பது எனக்கு நினைவில்லை. அந்தக் கண்ணாடி நினைவிருக்கிறது.

நாலு தலைமுறையாக வீட்டுத் திண்ணையைத் தாண்டி வெளியே வராத ஒன்றை அன்றைக்கு அவர் நம்மை நம்பிச் சொன்னார். அதை யாரோ சொல்லிக்கொடுத்த சாட்சி ஆக்கிவிட்டோம். அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த குற்றம் எனக்கும் உண்டு. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

புரவலர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் வீட்டுப் பெருமை அவருக்கு. கஞ்சி ஊற்றியவர்களை மதுரை மறக்கிற ஊரும் இல்லை. தன் சொத்தையெல்லாம் விற்றுக் கஞ்சி ஊற்றிய குஞ்சரத்தம்மாள் கதையை இன்றைக்கும் சொல்கிறோம். புரவலர் மேடையேறி மறுத்திருக்கலாம். பழைய கணக்கேடு வீட்டில் இருந்தால் கொண்டுவந்து காட்டியிருக்கலாம். பொறுமையாகக் கேட்டிருப்போம். என் கோபம் எல்லாம் உங்கள் மேல்தான். ஒருவர் முகம் சுருங்கியதும் கூட்டத்தை நிறுத்தி, மறுநாளே நூலகரிடம் சொல்லி நாவலையும் பீரோவுக்குள் வைக்கச் செய்துவிட்டீர்கள். நாவல் பிடிக்காதவர் படிக்காமல் விட்டுவிடலாம், படி என்று யாரையும் யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்ற பொருளில் சென்னை உயர் நீதிமன்றமே 2016-இல் ஒரு தமிழ் நாவல் வழக்கில் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பைப் பாராட்டி அப்போது நம் வட்டத்தில் பேசியவர்களில் இருவர் இன்று செயற்குழுவில் இருக்கிறீர்கள்.

ஒவ்வொரு ஆகஸ்ட் 12-ஆம் தேதியும் நூலகவியல் முன்னோடி சீர்காழி ரங்கநாதன் படத்துக்கு மாலை போடுகிறோம். அவர் 1931-இல் நூலாக வெளியிட்ட ஐந்து நூலக விதிகள் உள்ளே நுழைந்ததும் சுவரில் இருக்கின்றன. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். செல்லூர் அக்காவை விட அந்த நாவலுக்கு உரிய வாசகர் இந்த ஊரில் யார் இருக்கிறார்?

நூலகம் யாரோ தருகிற தானமும் இல்லை. சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி கட்டுகிறோம். ஆனாலும் போன வருஷம் வந்த புத்தகக் கட்டுகள் இன்னும் பிரிக்காமல் மாடிப்படிக்குக் கீழே கிடக்கின்றன. பெண்கள் கழிப்பறைக்குப் பூட்டு. சாவி கேட்டால் வாட்ச்மேன் சாப்பிடப் போயிருப்பார். மத்தியானம் வருகிற வயசான பெண்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்து படித்துவிட்டுப் போகிறார்கள். வட்டத்தின் கடைசி நாலு நிகழ்ச்சிகளும் பாராட்டு விழாக்கள், பொன்னாடைகள். யாரும் எதையும் மறுத்துப் பேச முடியாத நிகழ்ச்சிகள். கழிப்பறைச் சாவியைப் பற்றி நான் நாலு தடவை எழுதியிருக்கிறேன்.

மன்னிக்கவும், எழுத வந்ததை விட்டு விலகிவிட்டேன். அதைத் தனியாக எழுதித் தருகிறேன். இப்போதைக்கு நான் கேட்பது நாவலும் கூட்டமும்தான்.

நானே ஒரு பிரதி வாங்கித் தருகிறேன் என்று அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். விலை 480 ரூபாய். "ஓசியில எதுக்குத்தா, அதான் லைப்ரரில இருக்குல்ல" என்றார். வீட்டில் வைத்துப் படிக்கவும் அவருக்கு மனசில்லை. இந்தச் சங்கதி பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. முழுசாகப் படித்து முடித்த பிறகு சொல்லலாம் என்று வைத்திருந்தார். இப்போதும் வாரத்தில் இரண்டு நாள் வருகிறார். அதே ஜன்னலோரம் உட்கார்ந்து வாரப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்தால் ஒரே கேள்விதான். "அந்தப் புள்ள யாருன்னு கண்டுபுடிச்சுட்டாளாத்தா?" எனக்குப் பதில் தெரியும். முடிவைச் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டவரிடம் நான் எப்படிச் சொல்வேன்?

ஆகவே மிகவும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். இரண்டு பிரதிகளையும் இந்த வாரமே வாசிப்பு மேசையில் வையுங்கள். அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, வழக்கமான நேரத்தில், அதே நாவலுக்குக் கூட்டம் வையுங்கள். புரவலரை முதலில் பேச அழையுங்கள், அவர் பேசி முடிக்கும்வரை நாங்கள் குறுக்கிட மாட்டோம். தமிழாசிரியர், கல்லூரிப் பெண், வங்கிக்காரர் எல்லோரும் வரட்டும். பிடிக்கவில்லை என்பவர்களும் விரிவாகச் சொல்லட்டும், என் குறையையும் நான் மறைக்க மாட்டேன். செல்லூர் அக்காவிடம் செயற்குழு சார்பில் ஒருவர் நேரில் போய் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பெரிய மன்னிப்பு எல்லாம் வேண்டாம், 'வாங்கம்மா, நீங்க பேசணும்' என்றால் போதும். அவர் படித்து முடிக்க இன்னும் 140 பக்கம் இருக்கிறது. தினமும் வந்து படித்தாலே அவர் வேகத்துக்கு மூன்று வாரமாவது ஆகும் என்பதால்தான் புத்தகத்தை இந்த வாரமே கேட்கிறேன்.

பீரோவைத் திறக்கும்போது ஒரு விஷயம் கவனியுங்கள். இரண்டு பிரதிகளில் அட்டை மடங்கிய பிரதி அக்கா படித்தது. 212-ஆம் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு பஸ் டிக்கெட் வைத்திருக்கிறார். தூசி தட்டும்போது அது விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வட்டத்தின் உறுப்பினர்,
தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற வாசகி
மதுரை