தில்லானா மோகனாம்பாளில் வாசித்தது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில், பழைய பாட்டுப் படங்களைப் பற்றி வாசகர்கள் எழுதிய பக்கத்தை ஒரு வரி விடாமல் படித்தேன். அதில் ஒருவர், ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் சிவாஜிக்காக நாதஸ்வரம் வாசித்தவர் காருகுறிச்சி அருணாசலம் என்று எழுதியிருந்தார். அப்படி இல்லை. வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமனும் எம்.பி.என். பொன்னுசாமியும். அண்ணன் தம்பி. காருகுறிச்சியார் காலமானது 1964 ஏப்ரலில். தில்லானா வெளிவந்தது 1968 ஜூலையில். இந்த இரண்டு வருடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே விவகாரம் முடிந்துவிடும்.

அந்த வாசகரை மட்டும் குறை சொல்ல முடியாது. எங்கள் தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் இதே பேச்சுதான். டீக்கடையில் பழைய பாட்டு ஓடினால் போதும், யார் பாடியது, யார் எழுதியது, எந்த ராகம் என்று சண்டையே நடக்கும். சண்டை முற்றினால் யாராவது என் வீட்டுத் திண்ணைக்கு வந்து, “பெரியம்மா, நீங்களே சொல்லுங்க” என்பார்கள். அதற்குக் காரணம், என் வீட்டுக்காரர் இந்த ராமேஸ்வரம் தீவில் ரேடியோ செட் வைத்து நடத்தியவர். ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவது, ஆம்ப்ளிபையரைச் சுமப்பது எல்லாம் அவர் வேலை. ரெக்கார்டுகளைத் துடைத்து, உறையில் போட்டு, எந்த ரெக்கார்டில் எந்தப் பக்கம் என்ன பாட்டு என்று நோட்டில் எழுதி வைத்தது நான். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணல் எல்லா இடத்திலும் புகுந்துவிடும். தட்டில் ஒரு பொடி மணல் இருந்தாலும் முள் கீறிவிடும். அதனால் ஒவ்வொரு ரெக்கார்டும் என் கையில் பல தடவை புரண்டிருக்கிறது. அதன் நடுவில் ஒட்டியிருக்கும் வட்டக் காகிதத்தில் என்ன அச்சாகியிருந்தது என்பது எனக்கு இன்னும் மனப்பாடம்.

அந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்பதும் அதனால்தான் எனக்குத் தெரியும். ‘கொஞ்சும் சலங்கை’ 1962-ல் வந்த படம். அதில் ‘சிங்கார வேலனே தேவா’ பாட்டில் வாசித்தவர்தான் காருகுறிச்சியார். பாடியவர் எஸ். ஜானகி, எழுதியவர் கு.மா. பாலசுப்பிரமணியம், இசை எஸ்.எம். சுப்பையா நாயுடு, ராகம் ஆபேரி. திரையில் சாவித்திரி பாடுவார், ஜெமினி கணேசன் வாசிப்பார். பாட்டோடு வரும் வசனத்தில் ஜெமினி “சாந்தா” என்று கூப்பிடுவதை எங்கள் தெருப் பிள்ளைகள் அப்படியே பேசிக் காட்டுவார்கள். இந்தப் பாட்டு இல்லாமல் இங்கே ஒரு கல்யாணம் நடந்ததில்லை. வேர்க்காடு சந்தியாகப்பர் திருவிழாவுக்குக் குழாய் கட்டினாலும், மாதா பாட்டு முடிந்த பிறகு யாராவது வந்து சிங்கார வேலனைக் கேட்பார்கள். சாமி வேறு என்று ஒருவரும் சொன்னதில்லை. இப்படி ஒரே பாட்டு ஊரெங்கும் கேட்டுக் கேட்டு, சினிமாவில் நாதஸ்வரம் என்றாலே காருகுறிச்சி என்று மனதில் பதிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஆறு வருடம் கழித்து வந்த தில்லானாவின் வாசிப்பையும் ஜனங்கள் அவர் கணக்கிலேயே எழுதிவிட்டார்கள்.

வருடக் கணக்கு பார்க்காவிட்டாலும், காது கொடுத்துக் கேட்டால் வித்தியாசம் தெரியும். சிங்கார வேலனில் ஒரு குரல், ஒரு நாதஸ்வரம். ஜானகி ஒரு சங்கதி (ஒரே வரியை மாற்றி மெருகேற்றிப் பாடுவது) பாடினால் குழல் அதை வாங்கித் திருப்பித் தரும். பாட்டின் கடைசியில் ஸ்வரத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் விரட்டுவார்கள். தில்லானாவில் அப்படி இல்லை. அதில் இரண்டு நாதஸ்வரம். திரையில் சிவாஜிக்குப் பக்கத்தில் ஏ.வி.எம். ராஜனும் குழலோடு நிற்பார். உண்மையில் வாசித்தவர்கள் சகோதரர்கள் என்பதால் அந்த ஜோடி வாசிப்பு அவ்வளவு பொருந்தி வருகிறது. இரண்டு பேருக்கும் மூச்சு ஒரே இடத்தில் நிற்கிறது, ஒரே இடத்தில் எடுக்கிறது. ஒரே வீட்டில் பழகாதவர்களுக்கு அது லேசில் வராது. ‘நலந்தானா’ பாட்டைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். பி. சுசீலாவின் குரல் நின்ற இடத்தில் குழல் பதில் சொல்லும்போது, காயம்பட்டு எழுந்து வந்த மனிதன் பேசுவது போலவே இருக்கும்.

சிவாஜி நிஜமாகவே வாசித்தாரா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். இல்லை. ஆனால் அவர் செய்தது சின்ன வேலை இல்லை. எங்கள் பக்கத்தில் கோயிலில் மேளம் வாசித்த ஒருவர் இருந்தார், இப்போது காலமாகிவிட்டார். படம் டூரிங் கொட்டகைக்கு வந்தபோது அவர் சிவாஜியின் விரலை மட்டும் பார்ப்பதற்காகவே போனார். துளைகளில் விரல் எழுந்து இறங்குவதும், ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கும் கார்வைக்குக் கன்னம் உப்புவதும், ஊதுகிற முனையான சீவாளியை உதட்டில் வைக்கும் முன் நாக்கால் நனைப்பதும் எங்கள் தொழில்காரன் செய்கிற மாதிரியே இருக்கிறது என்று வந்து சொன்னார். தொழில் தெரிந்தவர் வாயிலிருந்து வந்த அந்தப் பாராட்டை நான் எந்த விருதுக்கும் மேலாக மதிக்கிறேன். அதே மனிதர்தான், “நடிச்சவரைப் புகழுங்க, ஆனா உள்ளே ஊதினது யாருன்னும் கேளுங்க” என்பார். மதுரை சகோதரர்களின் பெயரை நான் முதலில் கேட்டதும் அவரிடம்தான். என் நோட்டில் அன்றைக்கே எழுதிக்கொண்டேன், ஏனென்றால் ரெக்கார்டில் அது இல்லை. வட்டக் காகிதத்தில் படத்தின் பெயர், பாடியவர், இசையமைப்பாளர் கே.வி. மகாதேவன், அவ்வளவுதான் இருந்தது.

விருது என்றதும் இன்னொன்று. சுசீலாவுக்கு முதல் தேசிய விருது கிடைத்தது தில்லானா பாட்டுக்காக என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். அது அதே 1968-ல் வந்த ‘உயர்ந்த மனிதன்’ படத்தின் ‘நாளை இந்த வேளை பார்த்து’ பாட்டுக்குக் கிடைத்தது. தில்லானாவுக்குச் சிறந்த தமிழ்ப்படம் என்ற தேசிய விருதும், ஒளிப்பதிவுக்கான விருதும் வந்தன. கதை கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் கலைமணி என்ற பெயரில் எழுதிய தொடர், படங்கள் கோபுலு. இதில் யாருக்கும் தகராறு இல்லை.

நான் கேட்பது வேறு. எங்கள் பக்கம் பிள்ளைகளிலிருந்து கிழவர்கள் வரை பாட்டு விவரம் பேசுவதற்கு ஒரு பழக்கம் உண்டு. அதைக் கொடுத்தது இலங்கை வானொலி. கடலுக்கு அந்தப் பக்கம்தான் நிலையம் என்பதால் எங்களுக்குச் சென்னையைவிட அது தெளிவாகக் கேட்கும். மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது இவர்கள் பேசிய தமிழைக் கேட்டு வளர்ந்த கரை இது. ஒரு பாட்டைப் போட்டால் படம் எது, எழுதியவர் யார், பாடியவர் யார் என்று மரியாதையோடு சொல்லிவிட்டுத்தான் போடுவார்கள். வலை பின்னிக்கொண்டே கேட்டவர்களுக்கும் அந்தப் பெயர்கள் தங்கிவிட்டன. பள்ளிக்கூடம் போகாத என் மாமியாருக்கு மருதகாசி எழுதியது எது, உடுமலை நாராயணகவி எழுதியது எது என்று பிரித்துச் சொல்லத் தெரியும். ஆனால் வாத்தியம் வாசித்தவர்களின் பெயர் வானொலியிலும் வரவில்லை, ரெக்கார்டிலும் வரவில்லை. அதனால்தான் பாடகர்களைப் பற்றி எங்கள் ஊரில் தப்பு நடப்பது குறைவு, வாசித்தவர்களைப் பற்றி இவ்வளவு தப்பு.

‘திருவிளையாடல்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘பாட்டும் நானே பாவமும் நானே’ பாட்டில் பல சிவாஜிகள் ஒரே பிரேமுக்குள் உட்கார்ந்து வீணை, புல்லாங்குழல், மிருதங்கம் என்று வாசிப்பார்கள். லென்சின் ஒரு பக்கத்தை மறைத்து எடுத்து, பிலிமைப் பின்னால் சுற்றி, மறுபக்கத்தைத் திறந்து மறுபடி எடுக்கும் வித்தை அது. எப்படி எடுத்தார்கள் என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். தோற்றுப்போகிற ஹேமநாத பாகவதருக்குப் பாலமுரளிகிருஷ்ணா பாடிய ‘ஒரு நாள் போதுமா’ பெரிசா, ஜெயிக்கிற சிவனுக்கு டி.எம். சௌந்தரராஜன் பாடியது பெரிசா என்று பேச ஆரம்பித்தால் டீ ஆறிவிடும். நானும் பேசுவேன், பாலமுரளி பக்கம்தான் நிற்பேன். ஆனால் அந்த வீணைக்குள் யாருடைய விரல் என்ற கேள்வி அந்தப் பேச்சில் ஒரு தடவைகூட வந்ததில்லை. ஸ்ரீதர் 1964-ல் எடுத்த ‘கலைக்கோவில்’ முழுக்க முழுக்க வீணைக்காரர் கதை. அதற்கு வீணை வாசித்தவர் சிட்டிபாபு. படம் ஓடவில்லை, அதோடு அந்தச் செய்தியும் மறைந்துபோனது. ‘தங்கரதம் வந்தது’ பாட்டைக் கேட்கிற யாருக்கும் அதைச் சொல்லிக் கொடுங்கள், இன்னொரு தடவை போடச் சொல்வார்கள்.

வித்துவானே நேரில் வந்து நடித்த காலமும் இருந்தது. டி.என். ராஜரத்தினம் பிள்ளை 1940-ல் ‘காளமேகம்’ படத்தில் கதாநாயகனாக நடித்தார். இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். காருகுறிச்சியார் அந்த ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். குருவின் முகம் திரையில் வந்தது, சீடரின் குழல் மட்டும் வந்தது, முகம் ஜெமினிக்குப் போனது. அப்படிப்பட்டவருக்கு, அவர் வாசித்த பாட்டை அவருடையது என்று சொல்வதுதான் மரியாதை. வாசிக்காததையும் சேர்த்துச் சொன்னால் அவருக்கு ஒன்றும் கூடுவதில்லை, மதுரைக்காரர்கள் இருவருக்கும் அவர்கள் சொத்து போய்விடுகிறது.

உங்கள் ஞாயிறு பக்கத்தில் இப்படிப்பட்ட விவரங்கள் வரும்போது, அச்சுக்குப் போகும் முன் படம் வந்த வருடத்தையும் கலைஞர் வாழ்ந்த காலத்தையும் ஒரு தடவை சரிபார்க்கச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் பேப்பரில் வந்துவிட்டால் அதுதான் சாட்சி. டீக்கடையில் உங்கள் பக்கத்தைக் கிழித்துச் சுவரில் ஒட்டிவிட்டு, “பெரியம்மா, பேப்பரே சொல்லுது” என்கிறார்கள். அதோடு, உங்கள் சினிமாக் கேள்வி பதிலில் வாத்தியக்காரர்களைப் பற்றியும் கேளுங்கள். இதுவரை அதில் நடிகர், பாடகர், கவிஞர் தவிர வேறு கேள்வியை நான் பார்த்ததில்லை. ஷெனாய் யார், தவில் யார், வயலின் யார் என்று கேட்டுப் பாருங்கள். பதில் தெரிந்த வயதானவர்கள் மதுரையிலும் தஞ்சாவூரிலும் கோடம்பாக்கத்திலும் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

என் நோட்டு உங்களுக்கு உதவும் என்றால் நிருபர் யாரையாவது அனுப்புங்கள், படம் எடுத்துக்கொள்ளலாம். நோட்டை மட்டும் கொடுக்க மாட்டேன்.

கடிதம் நீண்டுவிட்டது. உங்களுக்கு இடம் போதாது என்று தெரியும். ரேடியோ செட்டு, டீக்கடை, என் மாமியார் எல்லாவற்றையும் வெட்டிக்கொள்ளுங்கள். மதுரை எம்.பி.என். சேதுராமன், எம்.பி.என். பொன்னுசாமி, இந்த இரண்டு பெயரையும் சுருக்காமல், தப்பு வந்த அதே பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்.