அம்மாவுக்கு பால்கனி அறை போதும், அண்ணா

அண்ணா,

அடுத்த குடும்பக் கப்பல் சுற்றுலாவுக்கு எல்லோருக்கும் பிரீமியம் அறையே எடுக்கலாமா என்று அப்பா திதி அன்று நீ போனில் கேட்டதற்கு இன்றுதான் பதில் சொல்கிறேன். நீ லிங்க் அனுப்பிய அந்த பிரீமியம் அறைகளுக்கு முன்பணம் கட்டவில்லை. ஒரே தளத்தில் பக்கத்துப் பக்கத்தில் மூன்று பால்கனி அறைகளைப் பிடித்து வைத்திருக்கிறேன். நடு அறையில் அம்மாவும் என் மூத்தவளும். உனக்கான அறையை ஏஜண்ட் வெள்ளிக்கிழமை வரைதான் நிறுத்தி வைப்பாராம்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டியதை ஏன் ஊரறிய எழுதுகிறாய் என்று கேட்பாய். குழுவில் போட்டால் மாமா முதல் ஆளாகப் பதில் போடுவார், அப்புறம் அது அவர் வீட்டு விஷயம் ஆகிவிடும். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். இங்கே எழுதினால் கடைசி வரை படிப்பாய், நாலு பேர் படிக்கிறார்கள் என்பதற்காகவாவது. அந்த நாலு பேருக்காக நானும் சிலவற்றை விட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். போன தடவை எந்தக் கம்பெனிக் கப்பல், நீ எவ்வளவு கட்டினாய், கடைசி இரவு படிக்கட்டுப் பக்கத்தில் நான் உன்னிடம் என்ன சொன்னேன், இந்த மூன்றும் இங்கே வராது.

போன தடவை நீங்களும் அம்மாவும் மேலே பிரீமியம் பகுதியில், நாங்கள் கீழே. நீ கொடுத்த காசுக்கு அங்கே ஒன்றுமே இல்லை என்று நான் சொன்னதே இல்லை. சிங்கப்பூர் மரினா பே கப்பல் முனையத்தில் நாங்கள் பெட்டிகளை உருட்டிக்கொண்டு வரிசையில் நகர்ந்தபோது, அம்மா மேலே ஏறி உட்கார்ந்து ஆரஞ்சு ஜூஸ் குடித்து முடித்திருந்தார். அறை பெரியது. குளியலறையில் கைப்பிடி இருந்தது. அப்புறம் அறையைக் கவனித்துக்கொண்ட அந்த பட்லர் பையன்! முதல் நாள் காலை அம்மா அவனிடம் வெந்நீர் கேட்டிருக்கிறார். மறுநாள் கேட்காமலே ஆறு மணிக்கு ஃப்ளாஸ்க்கில் வெந்நீர் வந்துவிட்டது, பக்கத்தில் சின்னத் தட்டில் இரண்டு பிஸ்கட், ஃப்ளாஸ்க் மூடியை அம்மா திருகக் கஷ்டப்படக் கூடாது என்று அரைத் திருகு திருகி வைத்த மாதிரி. இந்தக் கதை தேக்கா மார்க்கெட்டில் மீன்காரர் வரைக்கும் போய்விட்டது. அப்பா போனதிலிருந்து தினமும் காலையில் அதே வெந்நீரை வைப்பது நான். என்னைப் பற்றி எந்த மீன்காரரும் விசாரித்ததில்லை.

சரி, அது உன் தப்பில்லை.

பினாங்கிலிருந்து கிளம்பிய அந்தச் சாயங்காலத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும். உனக்கு அதில் பாதிதான் தெரியும், நீ வந்தது கடைசியில். என் சின்னவன், கப்பலில் இருந்த பிள்ளைகள் கிளப்பில் ஏதோ போட்டியில் ஜெயித்து, காகிதத்தில் செய்த பதக்கத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பாட்டியிடம் காட்டியே ஆக வேண்டும் என்று நின்றான். அம்மாவின் போன் வழக்கம்போல அணைந்து கிடந்தது. அதனால் உங்கள் பகுதியின் கண்ணாடிக் கதவுக்கே அவனைக் கூட்டிப் போனேன். அங்கே நின்ற இந்தோனேசியப் பையன் மரியாதையாகத்தான் பேசினான். உள்ளே ஆள் அனுப்பி அம்மாவை வரவழைத்தான்.

அம்மா வந்தார், பதக்கத்தைப் பார்த்தார், பேரன் கையைப் பிடித்துக்கொண்டு நேராக உள்ளே நடந்தார். அவன் குறுக்கே வந்தான். "மாஃப், இபு" என்றான், மன்னியுங்கள் அம்மா என்று. ஏன் தடுக்கிறான் என்று அம்மாவுக்குப் புரியவில்லை. காது கேட்காதவனிடம் சொல்வதுபோலக் கொஞ்சம் உரக்க, மலாயில் "சூச்சூ சாயா" என்றார், என் பேரன் என்று. அவன் மறுபடியும் மன்னிப்புக் கேட்டான். அம்மா என்னைக் கை காட்டி, "இனி அனாக் சாயா" என்றார். தன் பிள்ளை என்று சொன்ன பிறகு உலகத்தில் எந்தக் கதவும் திறந்துவிடும் என்பது அம்மாவின் கணக்கு. அந்தப் பையன் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் என்ன செய்வான், அறையில் பெயர் இருப்பவர்களுக்கு மட்டும்தானே அந்தக் கதவுக்கான அட்டை.

அப்புறம் அவனே உள்ளே போய் ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து நடைபாதையில், கதவுக்கு வெளியே, கம்பளத்தின் மேல் போட்டான். அம்மா அதில் உட்கார்ந்தார். பேரன் மடியில். ஒரு பெண் தட்டில் ஒரு கிளாஸ் ஜூஸ் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தாள். குழந்தையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் இன்னொரு கிளாஸ் கொண்டுவந்தாள். எனக்குக் கொண்டுவரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அங்கே உட்கார்ந்துதான் அம்மா அவனுக்கு ரஜுலா கப்பல் கதையைச் சொன்னார். நாம் ஆயிரம் தடவை கேட்டது, அவன் முதல் தடவை கேட்டான். நம் பாட்டியோடு நாகப்பட்டினத்தில் ஏறி, டெக்கில் பாய் விரித்து, டிரங்குப் பெட்டிக்கு முதுகைக் கொடுத்துப் படுத்துக்கொண்டு வந்தது. ரஜுலாவும் பினாங்கில் நின்றுதான் வரும் என்றதும் அவனுக்கு ஒரே ஆச்சரியம். 1926-இல் கட்டிய கப்பல், எழுபதுகளின் தொடக்கம் வரை நம் ஆட்களை ஏற்றி இறக்கியது. மேலே கேபின்காரர்கள் இருந்த பக்கம் போவீர்களா பாட்டி என்று கேட்டான். "போவோம். விரட்டுவான். மறுபடியும் போவோம்" என்றார் அம்மா. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் ஜூஸ் கம்பளத்தில் கொட்டியது.

அப்போதுதான் நீ வந்தாய். "ஏம்மா இங்க உக்காந்திருக்க? இவங்களுக்குத்தான் கீழே எல்லாம் இருக்கே." அண்ணா, 'இவங்க'ளா?

அதைக் கேட்டுத்தான் எனக்குக் கோபம் ஏறியது. கடைசி இரவு வரை அது இறங்கவில்லை, படிக்கட்டில் கொட்டிவிட்டேன். சொன்ன சொல்லுக்கு மன்னிப்புக் கேட்கிறேன். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களைக் கப்பல் சண்டைக்குள் இழுத்தது முறையில்லை. ஆனால் நீயும் 'அம்மாவுக்கு நான் என்ன குறை வைத்தேன்' என்று ஆரம்பித்திருக்கக் கூடாது. அப்படி ஆரம்பித்தால் பேச்சு அங்கேதான் போகும். அதற்கு மேல் இங்கே வேண்டாம், அண்ணியும் படிப்பார்.

அண்ணி ஒன்று சொன்னார். அன்று ராத்திரியே நீ வரவேற்பு மேசைக்குப் போய், என் குடும்பத்தையும் மேலே மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்டாயாம். எல்லாம் நிறைந்துவிட்டது என்றார்களாம். நீ அதை என்னிடம் சொல்லவே இல்லை. அதைக் கேட்டபோது, நம் பிளாக்கின் கீழே சைக்கிளில் என்னை முன்னால் உட்காரவைத்து ஓட்டியவன்தான் இவன் என்று தோன்றியது. அப்புறம், கிளம்பும் முன்பே கேட்டிருந்தால் இடம் இருந்திருக்குமே என்றும் தோன்றியது.

இப்போது எல்லோருக்கும் சேர்த்து நீயே கட்டுகிறேன் என்கிறாய். அதற்கும் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், ரோஷம் பாதி. மீதி கணக்கு.

கூடுதல் காசு கட்டியவர்களுக்கு மட்டும் தனிப் பகுதி என்கிற இந்தக் 'கப்பலுக்குள் கப்பல்' ஏற்பாட்டை நன்றாகவே படித்துவிட்டேன். எம்எஸ்சி கம்பெனி 2008-இல் ஃபேண்டேசியா கப்பலோடு யாட் கிளப் என்று இப்படி ஒரு பகுதியைக் கொண்டுவந்தது. அதே மாதிரிப் பகுதிக்கு நார்வீஜியன் கம்பெனியில் ஹேவன் என்று பெயர், செலிபிரிட்டி கம்பெனியில் ரிட்ரீட், இங்கிருந்து கிளம்பும் கென்டிங் ட்ரீம் கப்பலில் பேலஸ். குனார்ட் கம்பெனியின் குவீன் மேரி 2 கப்பலில் நீ எந்த அறை எடுக்கிறாயோ அதைப் பொறுத்து எந்தச் சாப்பாட்டுக் கூடம் என்பதே மாறும். விமானம் வந்து பழைய பயணிக் கப்பல்கள் படுத்தபின் சுற்றுலாக் கப்பல்கள் வந்தபோது, ஏறிவிட்டால் எல்லோரும் ஒரே வகுப்பு என்பதைத்தான் பெருமையாகச் சொன்னார்கள். இப்போது அந்த முதல் வகுப்பு வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. குற்றமாகச் சொல்லவில்லை. விலை பல நேரம் பால்கனி அறையைப் போல் இரண்டு மடங்கு, சில சமயம் மூன்று மடங்கு. அந்த விலையில் தனி நீச்சல்குளம், தனி உணவகம், மது, வைஃபை என்று கப்பலைப் பொறுத்து நிறையவே சேர்ந்து வரும்.

யாருக்கு என்பதுதான் கேள்வி. அம்மா குடிக்க மாட்டார். வெயிலில் படுக்க மாட்டார். தனி உணவகத்தின் மெனு சின்னது; போன தடவை இரண்டு ராத்திரி அம்மா காளான் சாதம் சாப்பிட்டார். கீழே பொது உணவகத்தில் முதல் நாளே தலைமைப் பரிமாறுபவரிடம் சொல்லிவைத்ததால் எங்களுக்கு மறுநாளிலிருந்து பருப்பும் சப்பாத்தியும் வந்தது. பிள்ளைகள் கிளப்பும் தண்ணீர்ச் சறுக்கும் எல்லா அறைக்காரர்களுக்கும் ஒன்றுதான், என் பிள்ளைகள் தூங்க மட்டும்தான் அறைக்கு வருவார்கள். கப்பலில் ஏற சக்கர நாற்காலி உதவியை முன்கூட்டியே கேட்டால் தனிக் காசில்லாமல் தருகிறார்கள், வரிசையும் பாதி குறைந்துவிடும். நான் இந்தத் தடவை எழுதிக் கேட்டாகிவிட்டது. பக்கத்துப் பக்கத்து பால்கனி என்றால் நடுத் தடுப்பைத் திறந்துவிடச் சொல்லலாம், சில கப்பல்களில் முடியும். முடியுமா என்று ஏஜண்ட் கேட்டுச் சொல்வார்.

உன் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. பூக்கெட்டின் பத்தோங்கில் கப்பல் கரையைத் தொடாமல் தள்ளி நின்று, சின்னப் படகில்தானே போனோம். உங்களுக்கு முதல் படகு. நாங்கள் எண் வாங்கிக்கொண்டு, கூப்பிடும் வரை அரங்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அம்மாவின் முழங்காலுக்கு அந்தக் காத்திருப்பு ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் இந்தத் தடவை பூக்கெட் வேண்டாம், பினாங்கும் கிள்ளானும் போதும் என்று எடுத்தேன். இரண்டிலும் துறையில் கட்டுவார்கள், பாலம் போட்டு இறங்கலாம்.

மூன்று நாலு இரவுப் பயணத்தில், அதிலும் பாதி நேரம் ஊரில் இறங்கிச் சுற்றப் போகிற குடும்பத்துக்கு, அந்தக் காசு தண்டம் என்பது என் முடிவு. நீயும் அண்ணியும் மட்டும் ஒரு வாரம் மத்தியதரைக்கடல் போவதாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். நானே எடுக்கச் சொல்வேன். நீ ஓய்வே எடுப்பதில்லை, போன தடவை கூட லேப்டாப்போடுதான் வந்தாய். உன் தலைமுடி இவ்வளவு நரைத்திருப்பதை அந்தக் கதவுக்கு வெளியே நின்றபோதுதான் கவனித்தேன்.

"எழுபத்தைந்து வயதில் ஒரு தடவையாவது அம்மா ராணி மாதிரி இருக்கட்டும்" என்றாய். மற்ற நாளெல்லாம் என் வீட்டில் எப்படி இருக்கிறார் என்று நினைக்கிறாய்?

அம்மாவையே கேட்டேன். கேட்காமல் முடிவெடுத்தேன் என்று பிறகு நீ சொல்லக் கூடாது. "அந்தப் பையன் கீழேயும் வெந்நீர் வைப்பானா?" என்றார். அவன் வைக்க மாட்டான், கெட்டில் கொண்டுபோகவும் விட மாட்டார்கள். பஃபேயில் நான் பிடித்து வருவேன். "அப்போ சரி" என்றார். "பெரியவன் கோவிச்சுக்கப் போறான், நீயே பேசிக்கோ" என்றும் சொன்னார். பேசிவிட்டேன்.

அண்ணியின் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தாயிற்றா பார். ஆறு மாதம் மிச்சம் இல்லாவிட்டால் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். கப்பல் கிளம்பும் நாளன்றே பெர்த் ஊரிலிருந்து வந்து இறங்காதே, ஒரு நாள் முன்னால் வீட்டுக்கு வா. அம்மா, பிள்ளைகள், எங்கள் அறைகளுக்கு நானே கட்டிவிட்டேன், திருப்பி அனுப்பாதே. மூன்றாவது அறை உனக்கு. வெள்ளிக்கிழமைக்குள் நீ பதில் சொல்லாவிட்டால் அதை விட்டுவிடுவேன்.